ஜப்பான் வண்டிக்கு வைத்த பொட்டு

என் கை ராசியான கை என்று எங்கள் வீதியில் முடிவானபோது எனக்கு மூன்று வயது. மறுத்துப் பேசுகிற வயதில்லை. அப்பா கோயம்புத்தூர் கணபதியில் பம்ப் உதிரி பாகங்கள் செய்யும் பட்டறை வைத்திருந்தார். புதிதாக வந்த லேத்தை ஓட்டிப் பார்க்கும் அன்று என்னைத் தூக்கி ஸ்விட்சைப் போடச் சொன்னாராம். அந்த வாரமே ஒரு பெரிய ஆர்டர் வந்துவிட்டது. அதற்காக அப்பா ஆறு மாதம் நடையாய் நடந்ததை எல்லோரும் மறந்துவிட்டார்கள். மகளின் கைராசி மட்டும் நிலைத்தது.

அதற்குப் பிறகு அக்கம்பக்கத்தில் யார் போர் போட்டாலும் தேங்காய் உடைக்க என்னைக் கூட்டிக்கொண்டு போனார்கள். தண்ணீர் வந்தால் நான் காரணம். வராவிட்டால் நீரோட்டம் பார்த்துச் சொன்னவர் காரணம். இப்படி ஒரு பதவி கிடைத்தால் யாருக்குத்தான் தலைக்கனம் வராது? எனக்கு நன்றாகவே வந்திருந்தது.

இதை நம்பாதவர் மாமா ஒருவர்தான். அம்மாவின் தம்பி. பாலிடெக்னிக் முடித்துவிட்டு எங்கள் வீட்டிலேயே தங்கி, அப்பாவின் பட்டறையில் வேலை பார்த்தார். “கைராசின்னு ஒண்ணும் இல்ல கண்ணு. கை சுத்தமா இருந்தாப் போதும்” என்று என்னைச் சீண்டுவார். எனக்கு ரோஷம் வந்து அம்மாவிடம் போய்ச் சொல்வேன். அம்மா அவரைத் திட்டுவாள். அவர் சிரிப்பார்.

நான் ஒன்றாம் வகுப்பில் இருந்தபோது மாமா அந்தக் காரைக் கொண்டுவந்தார். ஓட்டிக்கொண்டு வரவில்லை, டிராக்டர் டிரெய்லரில் ஏற்றிக்கொண்டு வந்தார். ஒரு மில் குடும்பத்துப் பையன் ரேஸ் ஓட்டுவதற்காக வெளிநாட்டிலிருந்து தருவித்த ஜப்பான் ஸ்போர்ட்ஸ் கார் அது. அவன் இன்ஜினை உடைத்துவிட்டு வேறு ஆசைக்குத் தாவிவிட்டான். கார் பல வருஷம் புளியமரத்தடியில் கிடந்து, காயலான் கடைக்குப் போக இருந்த நேரத்தில் மாமா கண்ணில் பட்டது. அதன் முன்விளக்குகள் இமை மூடியது போல உள்ளே மடங்கிக் கிடக்கும். மாமா ஒரு திருகைத் திருகினால் மெல்ல எழுந்து விழிக்கும். இடது கண் மட்டும் கொஞ்சம் சோம்பேறி. அதைப் பார்க்கவே வீதிப் பிள்ளைகள் எல்லாம் எங்கள் வீட்டு வாசலில் நின்றார்கள்.

பட்டறைக்குப் பின்னால் இருந்த தகரக் கொட்டகையில் அது ஐந்து வருஷம் நின்றது. அம்மாவின் கல்யாணச் சீரில் வந்த பவானி ஜமக்காளம்தான் அதற்குப் போர்வை. அம்மாவிடம் கேட்காமலே மாமா எடுத்துப் போர்த்திவிட்டார். பட்டறை வேலை முடிந்த பிறகு தினமும் இரண்டு மணி நேரம், ஞாயிற்றுக்கிழமை முழுவதும் அவர் அதோடுதான் கிடப்பார். கழற்றிய போல்ட்டுகள் சமையலறைத் தூக்குப் போசிகளில் இருந்தன. கிடைக்காத பாகங்களை அவரே லேத்தில் கடைந்தார். புகைக்குழாய் இணைப்பைப் பக்கத்து ஃபவுண்டரியில் பம்புக்கு வார்க்கும் இரும்பிலேயே வார்த்துத் தந்தார்கள். பாதி ஜப்பான், பாதி கணபதி என்று ஆகிவிட்டது கார். அப்பாவுக்குக் கேலிதான். “ஏ மாப்ள, அஞ்சு வருசமாப் பிரசவம் பாக்கறயே, ஆணா பொண்ணான்னாவது தெரிஞ்சுதா?” என்பார். மாமா பதில் சொல்ல மாட்டார். மச்சான் கேலி பண்ணினால் பதில் சொல்லக் கூடாது என்பது அவர் வைத்திருந்த மரியாதை.

கடைசியாக வரவேண்டியிருந்தது டர்போ. இன்ஜின் விடும் புகையின் வேகத்திலேயே ஒரு சக்கரத்தைச் சுழலவிட்டு, அந்தச் சுழற்சியால் இன்ஜினுக்குள் காற்றைத் திணிக்கிற சாமான். மாமாவின் சிநேகிதர் ஒருவர் சிங்கப்பூரிலிருந்து அதைப் புடவைகளுக்கு நடுவே சுற்றிப் பெட்டியில் வைத்துக் கொண்டுவந்தார். பார்த்தால் நத்தை ஓடு போலச் சுருண்ட இரும்பு, அசப்பில் சின்ன பம்ப். விமான நிலையத்தில் அதிகாரி அது என்ன என்று கேட்டாராம். “பம்புங்க” என்றாராம் இவர். அதிகாரி பாஸ்போர்ட்டில் கோயம்புத்தூர் என்று இருப்பதைப் பார்த்துவிட்டு, வேறெதுவும் கேட்காமல் போகச் சொல்லிவிட்டாராம். எங்கள் அப்பாவும் அதைக் கையில் வாங்கித் திருப்பிப் பார்த்துவிட்டு, “எத்தன ஹெச்.பி.?” என்றுதான் கேட்டார்.

மாமா என்னை உட்கார வைத்து விளக்கினார். “இது சுத்தற வேகத்துக்கு நம்மூர் மோட்டாரெல்லாம் பக்கத்துல நிக்க முடியாது கண்ணு. ஆயில் நிக்காமப் போயிட்டே இருக்கோணும். ஒரு நிமிசம் நின்னா எரிஞ்சுபோயிரும்.” நான் தலையாட்டினேன். எந்த வழியாக ஆயில் போகும் என்று நான் கேட்கவில்லை, அவரும் காட்டவில்லை.

அந்த வருஷம்தான் மாமாவுக்கு ஒரு நல்ல காலம் எட்டிப் பார்த்தது. ரேஸ் கார்கள் வைத்திருந்த வேறொரு மில்காரர் இவரைப் பற்றிக் கேள்விப்பட்டு ஆள் அனுப்பியிருந்தார். கார் ஓடினால் தானே வந்து பார்ப்பதாகவும், திருப்தியாக இருந்தால் தன் ரேஸ் வண்டிகள் அத்தனையையும் மாமா பொறுப்பில் விடுவதாகவும் சொன்னார். மாமா அக்கா வீட்டுச் சோறு தின்று மச்சான் பட்டறையில் வேலை செய்கிறவர். அவருக்கு இது எவ்வளவு பெரிய விஷயம் என்பது அம்மா அன்று இரண்டு தரம் கண்ணைத் துடைத்ததில் தெரிந்தது. எனக்கும் அதில் ஒரு பங்கு இருந்தது. வண்டி ஓடியதும் முதலில் என்னைத்தான் வால்பாறைக்குக் கூட்டிப் போவதாகவும், நாற்பது வளைவிலும் என்னையே ஹாரன் அடிக்க விடுவதாகவும் மாமா வாக்குக் கொடுத்திருந்தார்.

நடுவில் ஆயுத பூஜை வந்தது. பட்டறையைக் கழுவி, லேத்துக்கெல்லாம் பொட்டு வைத்து, மாலை போட்டோம். காருக்கு மட்டும் ஒரு சிக்கல். அது இன்னும் முழுசாகச் சேரவில்லை. எந்தப் பாகத்துக்குப் பொட்டு வைப்பது? அம்மா யோசிக்கவே இல்லை. மாட்டாத பாகங்கள் அத்தனையையும் ஜமக்காளத்தின் மேல் பரப்பச் சொன்னாள். சந்தனக் கிண்ணத்தை என் கையில் கொடுத்தாள்.

“ஒண்ணையும் உட்டுபோடாத அம்மணி. உன்ற கையால வெச்சீன்னா வண்டி நிக்காம ஓடும்.”

மாமா பொரி வாங்கக் கடைவீதிக்குப் போயிருந்தார். நான் வரிசையாக உட்கார்ந்து வைத்துக்கொண்டே வந்தேன். போல்ட்டுக்குப் பொட்டு, நட்டுக்குப் பொட்டு, பல்சக்கரத்தில் பல்லுக்கு ஒரு பொட்டு. டர்போவிடம் வந்தபோது மட்டும் கஷ்டமாக இருந்தது. உருண்டையான இரும்பில் சந்தனம் நிற்காமல் வழுக்கியது. மேல்பக்கத்தில் சுண்டுவிரல் நுனி போகிற அளவுக்கு ஒரு குழி இருந்தது, சந்தனம் வைப்பதற்கென்றே செய்தது போல. அதில் வைத்தேன். உள்ளே போய்விட்டது. இன்னும் வைத்தேன். குழி நிரம்பும் வரை விரலால் அழுத்தி அழுத்தி வைத்து, மேலே அழகாகக் குங்குமம் வைத்தேன். அன்று வைத்த பொட்டுகளிலேயே அதுதான் லட்சணமாக இருந்தது. நான் எழுந்து நின்று அதை ரசித்தது கூட நினைவிருக்கிறது.

மறுநாளே மில்காரரிடமிருந்து சொல்லி அனுப்பினார்கள். அடுத்த மாதம் வருவதாக இருந்தவர் ஊருக்குப் போகிறார், ஆகவே இந்த ஞாயிற்றுக்கிழமையே வருகிறார். மாமா சோறு தண்ணீர் மறந்து வேலை செய்தார். அவர் பொட்டைத் துடைக்கப் போகும்போதெல்லாம் அம்மா தடுத்தாள். “இருந்துட்டுப் போகுது தம்பி. உனக்கு நம்பிக்கை இல்லாட்டி எனக்காவ உட்டுடு.” அவர் அக்கா பேச்சைத் தட்டாதவர். மேலாகத் துணியால் ஒற்றிவிட்டு மாட்டினார். டர்போ புதுச் சாமான், அதைத் திறந்து பார்க்க வேண்டியதில்லை என்று அந்த அவசரத்தில் நினைத்திருக்க வேண்டும்.

ஞாயிற்றுக்கிழமை காலை மில்காரர் வந்தார். வெள்ளைச் சட்டை, அதிகம் பேசாத மனிதர். கார் ஒரே சாவித் திருகலில் உறுமியது. விளக்குகள் இரண்டும், சோம்பேறிக் கண் உட்பட, சேர்ந்து விழித்தன. ஐந்து வருஷம் கேலி செய்த அப்பாவே டயருக்குக் கீழே எலுமிச்சம்பழம் வைத்தார். மாமாவின் பக்கத்தில் மில்காரர் ஏறிக்கொண்டார். கார் சத்தி ரோட்டுப் பக்கம் திரும்பி மறைந்தது. மெலிதாக ஒரு விசில் சத்தம் கேட்டது. அதுதான் டர்போ என்று நான் எல்லோருக்கும் சொன்னேன். எனக்குப் பெருமை தாங்கவில்லை.

அரை மணி நேரம் கழித்துக் கார் திரும்பி வந்தது. நாலு பேர் தள்ளிக்கொண்டு வந்தார்கள். மாமா ஜன்னல் வழியாக ஸ்டியரிங்கைப் பிடித்தபடி கூட நடந்து வந்தார். பானெட்டுக்கு அடியிலிருந்து இன்னும் புகை கசிந்துகொண்டிருந்தது. மில்காரர் தன் வண்டியில் ஏறுவதற்கு முன் அப்பாவிடம் ஒன்றே ஒன்று சொன்னார். “வேலை தெரிஞ்ச ஆளுன்னு சொன்னாங்க.”

அடுத்த நாள் மாமா டர்போவைக் கழற்றினார். அப்பா பக்கத்தில் நின்றார். நான் பள்ளிக்கூடத்துக்குப் போகாமல் அங்கேயே நின்றேன். மாமா ஒரு கம்பியை அந்தக் குழிக்குள் விட்டுக் குடைந்தார். கருகிய மண் போல ஏதோ உதிர்ந்தது. அதை விரலில் எடுத்துத் தேய்த்தார். மூக்கருகே கொண்டுபோனார். பிறகு என்னைப் பார்த்தார். கோபமான பார்வை இல்லை. எதையோ எடை போடுகிற மாதிரி, கொஞ்ச நேரம் பார்த்தார்.

“என்ன மாப்ள, என்னாச்சு?” என்றார் அப்பா.

“ஒண்ணுமில்லீங் மச்சான். ஆயில் போற ஓட்டைய நான் சுத்தம் பண்ணாம மாட்டிபோட்டேன். தப்பு என்னுதுதானுங்க.” சொல்லிக்கொண்டே விரலை வேட்டியில் துடைத்துக்கொண்டார்.

அது நான் அடைத்த சந்தனம் என்பது, நானே இயந்திரவியல் படித்து ஒரு டர்போவைக் கையில் எடுத்துப் பார்க்கும் வரை எனக்குத் தெரியாது. மாமாவும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் அப்பா இரண்டு அடி போட்டிருப்பார், அதோடு போயிருக்காது. போர் போடுகிறவர்கள் என்னைத் தாண்டிப் போயிருப்பார்கள். ராசியில்லாத கை என்று ஒரு பெண்ணுக்குப் பேர் வந்தால், எங்கள் பக்கத்தில் அது பெண் பார்க்க வருகிறவர்கள் வரைக்கும் போய்ச் சேரும். கைராசியை ஒரு நாளும் நம்பாத மனிதர், என் கைராசியைக் காப்பாற்ற வேலை தெரியாதவர் என்ற பேரை வாங்கிக்கொண்டார். நான் அவர் மேல் வைத்திருக்கும் பிரியத்துக்கு இந்த ஒன்றே போதும்.

ஆனால் அன்று எனக்கு ஆத்திரம்தான் வந்தது. வால்பாறை போயிற்று. ஹாரன் போயிற்று. எல்லாவற்றுக்கும் மேல், நான் தொட்டது ஓடாமல் நின்றுவிட்டது என்று ஊர் பேசுமே. “என்ற கைராசியவே கெடுத்துபோட்டீங்க மாமா” என்று எல்லார் எதிரிலும் கத்தினேன். அம்மா என் வாயைப் பொத்த வந்தாள். மாமா அவளைத் தடுத்தார். “உடுங்கக்கா. அவ சொல்றது சரிதான்.” ஒரு வாரம் அவரோடு பேசவில்லை. எட்டாம் நாள் பெரிய மனது பண்ணி மன்னித்தேன்.

மாமா மறுபடி பட்டறை வேலையும் கொட்டகையுமாக இருந்தார். அடுத்த ஆயுத பூஜைக்கு மறுபடி ஜமக்காளத்தில் பாகங்கள் பரப்பப்பட்டன. அம்மா தயங்கினாள். மாமாதான் சந்தனக் கிண்ணத்தை எடுத்து என் கையில் கொடுத்தார். குனிந்து பார்த்தேன். ஓட்டை என்று இருந்த எல்லாவற்றிலும் துணி உருட்டி அடைத்திருந்தார். எதற்கு என்று கேட்டேன். “தூசி போயிருமில்ல கண்ணு” என்றார்.

போன வருஷம் செய்த தப்பை இந்த மனிதர் இன்னும் மறக்காமல் இவ்வளவு பயந்து கிடக்கிறாரே என்று எனக்குப் பாவமாக இருந்தது. அவர் தோளில் கை வைத்து ஆறுதல் சொன்னேன்.

“தப்பு எல்லாருக்கும் வாரதுதானுங் மாமா. இந்தத் தடவ நான் பாத்துக்கறேன்.”

“சரிங்க அம்மணி” என்றார் மாமா.