யார் பெயரில் விசா

எங்கள் குடும்பம் ஆஸ்திரேலியாவுக்குப் போனது என் மனைவியின் படிப்பால், அவளுடைய வேலையால். இந்த ஒரு வாக்கியத்தைப் பாளையங்கோட்டையில் நான் யாரிடமும் சொன்னதில்லை. வேறு மாதிரிதான் சொல்லியிருக்கிறேன். இப்போது எழுபத்தைந்து வயதைத் தாண்டிவிட்டேன். இனியும் அதை மறைத்துக் கிடப்பதில் அர்த்தமில்லை.

தொண்ணூறுகளின் தொடக்கம் அது. நான் கல்லூரியில் ஆங்கில விரிவுரையாளர். அவள் ஒரு மருத்துவமனையில் ஆபரேஷன் தியேட்டர் நர்ஸ். இரண்டு பெண் பிள்ளைகள். அவளோடு நர்சிங் படித்த தோழி ஒருத்தி ஆஸ்திரேலியாவிலிருந்து கடிதம் போட்டாள்: தியேட்டர் அனுபவம் உள்ள நர்சுகளுக்கு இங்கே நல்ல தேவை இருக்கிறது, திறமைக்கு மதிப்பெண் போட்டு விசா கொடுக்கிறார்கள், முயன்று பாருங்கள் என்று. கடிதத்தோடு ஒரு வழிகாட்டிப் புத்தகமும் வந்தது.

என் மனைவி ஒரே ஒரு நிபந்தனைதான் சொன்னாள். "போனா நாலு பேரும் ஒண்ணாப் போகணும். ஒருத்தர் முன்னால, மத்தவங்க பின்னாலங்கிற பேச்சே கூடாது."

அதற்குக் காரணம் இருந்தது. அவள் ஊர் திசையன்விளை. அவளுடைய அப்பா பம்பாயில் கடை வைத்திருந்தார். வருடத்துக்கு ஒரு தடவை வருவார், பத்து நாள் இருப்பார், போய்விடுவார். "எங்கப்பா வரும்போது நாங்க அவரை விருந்தாளி மாதிரிதான் பாப்போம். அவருக்கு முன்னால சத்தமாச் சிரிக்கக்கூட யோசிப்போம். எம் பிள்ளைகளுக்கு அது வேண்டாம்" என்றாள்.

அந்த வழிகாட்டியை நான் ஒரே மாலையில் வாசித்து முடித்தேன். ஆங்கிலம் என் தொழில் அல்லவா. அவளுக்கு ஒரு வாரம் பிடித்தது. தியேட்டரில் மருந்து அளவைப் பார்ப்பதுபோல் வரிக்கு வரி பென்சிலால் புள்ளி வைத்துக்கொண்டே போனாள். பிறகு பழைய நாட்காட்டித் தாள் ஒன்றின் பின்புறம் நடுவில் கோடு கிழித்து, ஒரு பக்கம் என் மதிப்பெண், மறுபக்கம் தன் மதிப்பெண் என்று போட்டாள். வயதுக்கு இவ்வளவு, படிப்புக்கு இவ்வளவு, தொழிலுக்கு இவ்வளவு. நான் நாற்பதைக் கடந்திருந்தேன். ஆங்கில விரிவுரையாளர் அங்கே யாருக்கும் வேண்டாம். அவள் பக்கம் தேவையானதற்கு மேலேயே நின்றது. என் பக்கம் எட்டவில்லை.

கணவன், மனைவி இருவரில் யார் வேண்டுமானாலும் முதன்மை விண்ணப்பதாரராக இருக்கலாம், அதிக மதிப்பெண் பெறக்கூடியவர் பெயரில் போடுவது நல்லது என்று புத்தகத்தில் தெளிவாக இருந்தது. நான் அதைப் படித்தேன். புரியவில்லை என்று சொல்ல முடியாது.

"எம் பேர்லயே போட்டுப் பாப்போமா?" என்று கேட்டாள்.

"ரேஷன் கார்டுல குடும்பத் தலைவர்னு யாரு பேரு போட்டிருக்கு?" என்றேன்.

"ரேஷன் கார்டுக்குச் சீனிதான குடுக்கான். விசாவா குடுக்கான்?"

பெரியவள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். நான் சிரிக்கவில்லை. வரி ரசீதிலும், கோயில் பதிவேட்டிலும், பிள்ளைகளின் பள்ளிக்கூடச் சான்றிதழிலும் என் பெயருக்குக் கீழேதான் மற்ற பெயர்கள் இருந்தன. ஒரு படிவத்தில் "மனைவியைச் சார்ந்திருப்பவர்" என்ற கட்டத்தில் நான் உட்கார வேண்டும் என்பதை என்னால் ஏற்றுக்கொள்ள முடியவில்லை. அதை வெளியே சொல்லவும் கூச்சம். அதனால் வேறு காரணங்கள் சொன்னேன். நேர்முகம் இருந்தால் நான் நன்றாகப் பேசுவேன் என்றேன். அனுபவத்துக்குக் கூடுதலாகக் கொடுப்பார்கள் என்றேன். மாணவனின் தாளில்கூட அரை மதிப்பெண்ணுக்கு யோசிக்கிற நான், என் தாளில் தாராளமாகப் போட்டுக்கொண்டேன்.

படிவத்தைத் தட்டச்சு செய்யச் சந்தைப் பக்கம் ஒரு பயண ஏஜென்ட்டிடம் போனேன். காயல்பட்டினத்துக்காரர். டிக்கெட் போடுவார், டைப் அடிப்பார், கடையின் மூலையில் வெளிநாட்டுக்குப் பேசும் போன் கூண்டும் இருந்தது. என் தாளைப் பார்த்துவிட்டுத் தலையைத் தூக்கினார்.

"சார்வாள், தப்பா நினைக்கப்படாது. எங்க ஊர்ல ஆம்பள மட்டும் சவூதிக்குப் போவான், வீடு இங்கன இருக்கும். அது ஒரு மாதிரி. நீங்க குடும்பத்தோட போகுதிய. அங்க உள்ளவன் யாரைக் கூப்பிடுதானோ, அவங்களை முன்னால விடணும். அவன் காலேஜ் சாரையா கூப்பிடுதான், நர்சம்மாவைலா கூப்பிடுதான்."

"வெள்ளைக்காரனுக்கு என்ன வேணும்னு எனக்குத் தெரியும்" என்றேன்.

"அது சரி. அவன் பாஷையை அவனுக்கே சொல்லிக் குடுக்கப் போறிய. நான் அடிச்சுத் தாரேன்" என்று இயந்திரத்தின் பக்கம் திரும்பிக்கொண்டார்.

ஆங்கிலத் தேர்வை இருவருமே சென்னைக்குப் போய் எழுதினோம். ரயிலில் போகும்போது அவளுடைய உச்சரிப்பைத் திருத்திக்கொண்டே போனேன். முடிவு வந்தபோது கேட்டுப் புரிந்துகொள்ளும் பகுதியில் அவள் என்னைவிட அதிகம் வாங்கியிருந்தாள். எப்படி என்று கேட்டேன்.

"முகமூடி போட்டுக்கிட்டு டாக்டர்மாரு முணுமுணுக்கதைப் பதினஞ்சு வருசமாக் கேக்க காது இது. வெள்ளைக்காரன் வாயத் திறந்துலா பேசுதான்" என்றாள்.

அவளுக்கு ஒரு பழக்கம். தியேட்டரில் நோயாளியின் வயிற்றைத் தைத்து மூடுவதற்கு முன்னால் பஞ்சு, துணி, கத்தி எல்லாவற்றையும் வாய்விட்டு எண்ணிச் சரிபார்ப்பார்கள். உள்ளே ஒன்றும் தங்கிவிடக் கூடாது. வீட்டில் எந்த உறையை ஒட்டுவதாக இருந்தாலும் அவள் அப்படித்தான் செய்வாள். விண்ணப்பத் தாள்களையும் மேஜைமேல் பரப்பி, அவள் எண்ண, பெரியவள் திருப்பிச் சொல்ல, இரண்டு தடவை எண்ணினாள்.

"பேப்பர் எல்லாம் சரியா இருக்கு. பேருதான் இடம் மாறிக் கிடக்கு" என்றாள்.

நான் உறையை வாங்கி ஒட்டினேன்.

பதில் வர ஒரு வருடத்துக்கு மேல் ஆயிற்று. இரண்டே பத்திகள். போதிய மதிப்பெண் இல்லை. நல்ல ஆங்கிலம், ஒரு பிழையும் இல்லை. நான் அதைப் புத்தகங்களுக்கு நடுவில் மூன்று நாள் ஒளித்துவைத்திருந்தேன். நாலாம் நாள் அவளே எடுத்துவிட்டாள். "நான் அப்பவே சொன்னேன்லா" என்று ஒரு வார்த்தை வரும் என்று காத்திருந்தேன். வரவில்லை. நாட்காட்டித் தாளைத் தேடி எடுத்துவந்து, மறுபடியும் தன் பக்கத்தைக் கூட்டினாள். இடையில் அவளுக்கு ஒரு பிறந்தநாள் போயிருந்தது. வயதுக்கான மதிப்பெண் ஒரு படி இறங்கிவிட்டது. முன்பு மிச்சத்தோடு நின்ற கணக்கு இப்போது கொஞ்சம் குறைந்தது. கொஞ்சம்தான். அந்தக் கொஞ்சத்தை நான் தின்றுவிட்டேன்.

நானாக இருந்தால் அத்தோடு விட்டிருப்பேன். அவள் வழிகாட்டியை முதல் பக்கத்திலிருந்து திரும்பப் படித்தாள். மதிப்பெண் வழி அடைபட்டால் வேறென்ன வழி என்று பார்த்தாள். உறவினர் அழைப்பது ஒன்று. எங்களுக்கு அங்கே யாரும் இல்லை. வேலை கொடுப்பவர் அழைப்பது இன்னொன்று. ஆள் கிடைக்காத சிற்றூர் மருத்துவமனைகள் நர்சை அழைத்துக்கொள்ளலாம், குடும்பத்தையும் சேர்த்துக்கொள்ளலாம். ஆனால் முதலில் அவள் தற்காலிக விசாவில் தனியாகப் போய், அங்கே மூன்று மாதப் பயிற்சி முடித்து, அந்நாட்டு நர்சாகப் பதிவு வாங்கி, அதன்பிறகு அந்த மருத்துவமனையில் வேலை பார்க்க வேண்டும். அவர்களுக்குத் திருப்தி என்றால்தான் எங்களுக்கு விசா.

எது நடக்கவே கூடாது என்று அவள் சொல்லியிருந்தாளோ, அந்த வழி மட்டும்தான் மிச்சம் இருந்தது.

தியேட்டர் பணி முடிந்து வந்து, தினம் ஒரு கடிதம் என்று ஊர் ஊராக எழுதினாள். நான் பிழைதிருத்தித் தருகிறேன் என்றேன். "திருத்துங்க. ஆனா அழகுபடுத்தாதிய. எனக்கு என்ன வேலை தெரியும்னு அவனுக்குத் தெரிஞ்சாப் போதும்" என்றாள். கோதுமை விளைகிற ஏதோ ஒரு சிற்றூரிலிருந்து பதில் வந்தது.

புறப்படும் நாளில் சின்னவளுக்குப் பன்னிரண்டு வயது. ஜங்ஷன் ஸ்டேஷனில் ரயில் நகரும்வரை அம்மாவின் சேலை நுனியைப் பிடித்துக்கொண்டிருந்தாள். "வருசம் முடியதுக்குள்ள கூட்டிக்கிடுவேன். நீ எண்ணிக்கிட்டே இரு" என்றாள் அவள். திரும்பி வருகையில் பஸ் ஆற்றுப்பாலத்தைத் தாண்டும்போது சின்னவள் என்னிடம் கேட்டாள்: "அம்மா பேர்ல போட்டிருந்தா நாமளும் இப்பப் போயிருப்போமாப்பா?" பாக்கிச் சில்லறை கேட்கக் கண்டக்டர் பக்கம் திரும்பினேன்.

பதினொரு மாதம். ஞாயிற்றுக்கிழமைதோறும் மூன்று பேரும் ஏஜென்ட்டின் போன் கூண்டுக்குப் போவோம். அவர் ஒரு நாள் பைய என் காதோடு சொன்னார்: "உங்க வீடும் எங்க ஊரு வீடு மாதிரி ஆயிட்டு சார்வாள். போனதுதான் ஆம்பள இல்ல." சிரித்துத்தான் சொன்னார்.

ஏழாம் மாதத்தில் ஒரு சனிக்கிழமை, சின்னவள் குளியலறைக் கதவைத் திறக்காமல் உள்ளேயே இருந்தாள். பெரியவள்தான் விஷயத்தைச் சொன்னாள். சின்னவள் பெரியமனுஷி ஆகியிருந்தாள். நான் பக்கத்து வீட்டுக்கு ஓடினேன். பக்கத்து வீட்டு அம்மாள் வந்து எல்லாம் பார்த்தார்கள். யார் யாரோ வந்தார்கள், இனிப்பு கொடுத்தார்கள். சின்னவள் ஒரே கேள்வியைத்தான் கேட்டுக்கொண்டிருந்தாள்: "அம்மாகிட்ட சொல்லியாச்சாப்பா?"

கூண்டுக்குப் போய் நான்தான் பேசினேன். சொன்னதும், எத்தனை மணிக்கு, பக்கத்தில் யார் இருந்தார்கள் என்று கேட்டாள். பிறகு, "உளுந்தங்களி கிண்டிக் குடுக்கச் சொல்லுங்க. நல்லெண்ணெய் நிறைய விடச் சொல்லுங்க. நாளைக்குப் பிள்ளையைக் கூட்டிட்டு வாங்க, நான் பேசுதேன்" என்றாள். குரல் நடுங்கவில்லை. போனை வைத்த பிறகு அவள் என்ன செய்தாள் என்று இன்றுவரை நான் கேட்டதில்லை. கேட்கும் தைரியம் எனக்கு வரவில்லை.

எட்டாம் மாதம் மருத்துவமனை எங்களை அழைத்தது. படிவத்தை அவளே அங்கே நிரப்பி அனுப்பினாள். முதன்மை விண்ணப்பதாரர் இடத்தில் அவள் பெயர். சார்ந்திருப்போர் பட்டியலில் முதலில் நான், பிறகு பிள்ளைகள். கையெழுத்துப் போட வேண்டிய இடத்தில் பென்சிலால் ஒரு சிறிய புள்ளி வைத்திருந்தாள். போட்டேன். பயந்த மாதிரி ஒன்றும் ஆகவில்லை.

பதினொன்றாம் மாதம் விசா வந்ததும், நாங்கள் மூவரும் தனியாக ஏறிப் போயிருக்கலாம். அவள் விடமாட்டேன் என்றாள். இரண்டு வாரம் விடுப்பு எடுத்து, எங்களைக் கூட்டிப் போவதற்காகவே அவ்வளவு தூரம் வந்தாள். "நாலு பேரும் ஒண்ணாப் போகணும்னுதான சொன்னேன்" என்றாள்.

அந்த இரண்டு வாரத்தில்தான் கல்லூரியில் எனக்குப் பிரிவு உபசாரம் வைத்தார்கள். ஒருவர்பின் ஒருவராகப் பேசினார்கள். கடல் கடந்து ஒரு நாடு நம் பேராசிரியரைத் தேடி அழைத்திருக்கிறது என்றார்கள். அவருடைய ஆங்கிலப் புலமைக்குக் கிடைத்த அங்கீகாரம் என்றார்கள். சிவப்புக் கரை போட்ட பொன்னாடையைப் போர்த்தினார்கள். மூன்றாம் வரிசையில் அவள் பிள்ளைகளோடு உட்கார்ந்திருந்தாள். ஒலிபெருக்கி என் கைக்கு வந்தது. அழைக்கப்பட்டது நான் அல்ல, அதோ அங்கே இருக்கும் அம்மாள் என்று சொல்ல எனக்கு அரை நிமிடம் போதும். எல்லோருக்கும் நன்றி என்றேன். உட்கார்ந்துவிட்டேன். சபை கைதட்டியது. அவளும் கைதட்டினாள்.

வீட்டுக்கு வந்ததும் பொன்னாடையை உதறி மடித்தாள்.

"துணி நல்ல கனமாத்தான் இருக்கு. அங்கன ரொம்பக் குளிரும். பெட்டியில வைக்கட்டா?"

அவ்வளவுதான் சொன்னாள். அந்த ஊருக்குப் போன முதல் குளிர்காலத்தில், விடியுமுன் மருத்துவமனைக்குப் புறப்படும்போது, வேலைக்கான உடையின் மேல் அந்தப் பொன்னாடையைப் போர்த்திக்கொண்டு வாசலில் நிற்பாள். சிவப்புக் கரை பனியில் தெரியும். எனக்கு அப்போது வேலை கிடைத்திருக்கவில்லை. பிள்ளைகளுக்குச் சோறு கட்டிவிட்டு, ஜன்னல் வழியாக அவள் காரில் ஏறுவதைப் பார்த்துக்கொண்டிருப்பேன். அது அவள் தோளில்தான் சரியாக இருந்தது.

அதை அவளிடம் சொல்லவில்லை. எழுதி முடித்த இந்தத் தாள்களை இன்று அவளிடம் கொடுக்கப்போகிறேன். முதலில் பக்கங்களை எண்ணுவாள்.