பொங்குத்தூள் அமிர்தம் அத்தை

நடந்ததை நடந்தபடியே எழுதுவேன். ஒன்றையும் கூட்ட மாட்டேன். ஒன்றையும் விட மாட்டேன். என் தவற்றையும் விட மாட்டேன். நம் பள்ளிக் கையெழுத்துப் பத்திரிகைக்கு ஒரு பக்கம் போதும் என்று டீச்சர் சொன்னார்கள். ஒரு பக்கத்தில் அமிர்தம் அத்தை அடங்க மாட்டார்கள். உயிரோடு இருந்தபோதே அவர்களை யாராலும் அடக்க முடியவில்லை.

செவ்வாய்க்கிழமை காலை பூகோள வகுப்பு நடந்துகொண்டிருந்தபோது என் தந்தையார் பள்ளி வாசலில் வந்து நின்றார்கள். தலையில் பால்வெட்டும்போது கட்டும் துணி அப்படியே இருந்தது. அந்த நேரத்தில் அவர்கள் ரப்பர் மரத்தடியில் இருக்க வேண்டியவர்கள். பாதி வேலையில் ஒருவர் கத்தியை வைத்துவிட்டு வந்தால் தோட்டத்தில் அதற்கு ஒரே அர்த்தம்தான். நான் புத்தகத்தை மூடிவிட்டேன்.

“அமிர்தம் போயிட்டாம்மா. ஆஸ்பத்திரியிலதான் இருக்கு. உன்னைக் கூட்டிட்டு வரச் சொன்னாங்க, பொம்பளைங்க” என்றார்கள்.

அத்தை எங்களுக்கு ரத்த உறவல்ல. தோட்டத்தாட்கள் வரிசையாகக் குடியிருக்கும் எங்கள் லயத்தில் அடுத்த அறை. நடுவில் இருந்த பலகைச் சுவர் கூரைவரை எட்டாததால் அவர்கள் தும்மினால் நாங்கள் எழுந்துகொள்வோம். குள்ளமானவர்கள். கால் பாதம் மட்டும் அகலம். கணவர் இறந்தபின் தனியாகவே இருந்தார்கள். தோட்டத்தை அடுத்த பெம்பான் ஊர்ப் பக்கத்து மக்களுக்கு அவர்கள் ‘பொங்குத்தூள் அமிர்தம்’. தெரியாதவர்களுக்காக அந்தப் பெயர் வந்த கதையை முதலிலிருந்து சொல்கிறேன்.

அத்தை துரை பங்களாவில் ஆயாவாக இருந்தார்கள். துரைசானி குளிக்கும் பீங்கான் தொட்டியில் வெந்நீர் நிரப்புவதும், குளித்து முடிந்ததும் தொட்டியைத் தேய்ப்பதும் அவர்கள் வேலை. துரைசானி சீமையிலிருந்து வரும் ஒரு தகர டப்பாவைத் திறந்து, வெள்ளைத் தூளை ஒரு கரண்டி தண்ணீரில் போடுவாராம். தண்ணீர் சுர்ரென்று பொங்கி நுரைக்குமாம். அறை முழுவதும் பூ வாசமாம்.

“தண்ணி சிரிக்கும்டி” என்று அத்தை எனக்கு விளக்கினார்கள்.

ஒருநாள் டப்பாவின் மூடியில் ஒட்டியிருந்த தூளை அத்தை நாக்கில் வைத்துப் பார்த்தார்கள். “முதல்ல புளிப்பு. அப்புறம் ஆப்பச் சோடா. பொங்கி முடிஞ்சதும் ஒண்ணுமில்ல.” அந்த ருசி அவர்களுக்குப் பழக்கமானது. தோட்டத்து ஆஸ்பத்திரியில் வயிற்றுப் பொருமலுக்கு, மருந்து கொடுக்கும் டிரெஸர் இரண்டு பொட்டலம் தருவார். தனித்தனியாகக் கரைத்து ஒன்றாக ஊற்றினால் பொங்கும். அதே சங்கதிதான் இது என்று அத்தை அன்றே கண்டுகொண்டார்கள். ஆனால் கண்டுகொண்டதை அப்போது வைத்துக்கொண்டு என்ன செய்வது?

பிறகு ரப்பர் விலை விழுந்தது. துரைசானி சீமைக்குப் போய்விட்டார். அத்தை பால்வெட்டுக்குத் திரும்பினார்கள். அந்த ஆண்டுகளில் தோட்டத்தில் எல்லோருக்கும் ஒரே பயம். பெரட்டுக் களத்தில், விடியற்காலையில் பெயர் கூப்பிடும்போது, யார் பெயர் வெட்டப்படுமோ என்ற பயம். பெயர் வெட்டப்பட்டவர்களைக் கப்பலேற்றி ஊருக்கு அனுப்பினார்கள். அத்தைக்கு அங்கே யாருமில்லை. கைக்குழந்தையாக இங்கே வந்தவர்கள். “ஊருன்னு சொல்றாங்களே, அந்த ஊருல எனக்கு எந்தக் கதவு தெரியும்?” என்று கேட்பார்கள்.

பொங்குத்தூள் பிறந்தது ஒரு பஸ்ஸில். நானும் அத்தையும் ஜாசின் டவுனுக்குப் போய்க்கொண்டிருந்தோம். உறைந்த ரப்பர் பாலின் நாற்றம் வெட்டுகிறவர்களின் கையிலும் முடியிலும் ஏறிவிடும். சவர்க்காரம் போட்டாலும் போகாது. பக்கத்தில் உட்கார்ந்திருந்த ஓர் அம்மையார் கைக்குட்டையால் மூக்கை மூடிக்கொண்டு, “தோட்டத்தாளுங்கள பின்னாடி உட்கார வைக்கக் கூடாதா?” என்று கண்டக்டரிடம் கேட்டார்.

அத்தை எழுந்திருக்கவில்லை. “இந்த நாத்தத்த வெட்டி எடுத்துட்டு வரலைன்னா இந்த பஸ்ஸுக்கு டயர் ஏதும்மா?” என்றார்கள். கண்டக்டர் சிரித்துவிட்டார். அம்மையார் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். ஆனால் இறங்கும்வரை அத்தை தம் விரல்களை முகர்ந்து பார்த்துக்கொண்டே வந்ததை நான் கவனித்தேன்.

அந்த வாரமே பெம்பானில் காதர் நானா கடைக்குப் போனோம்.

“நானா, சர்பத்துக்குப் போடுவீங்களே எலுமிச்சை உப்பு, அது குடுங்க.”

“எவ்வளவு? யாருக்குக் கல்யாணம்?”

“எனக்குத்தான். குளிக்கப் போறேன்.”

“குளிக்கவா? அது குடிக்கிறதுலா!” என்று நானா நிறுத்தவே அத்தை, “தொட்டிக்கும் தாகம் எடுக்கும் நானா” என்று பொட்டலத்தை வாங்கிக்கொண்டார்கள்.

முதல் முறை மழை வாரத்தில் செய்தார்கள். சோடாவையும் எலுமிச்சை உப்பையும் கலந்து பிஸ்கட் தகரத்தில் அடைத்து வைத்தார்கள். காலையில் மூடி அறையின் மறுமூலையில் கிடந்தது. தூள் வெளியே பிதுங்கிக் கல்லாக இறுகியிருந்தது. இந்த நாட்டுக் காற்றில் இருக்கும் ஈரமே அதைப் பொங்க வைத்துவிடும் என்று அப்போதுதான் தெரிந்தது. இரண்டாம் முறை, தோட்டத்தாள் மட்டுமே செய்யக்கூடிய ஒரு காரியத்தைச் செய்தார்கள். ரப்பர் ஷீட்டைக் காயவைக்கும் புகைக்கூட்டைவிடக் காய்ந்த இடம் வேறு எது என்று, தூளை ஒரு தட்டில் பரப்பி அங்கே வைத்துவிட்டார்கள். தூள் அருமையாகக் காய்ந்தது, புகை நாற்றமும் அதில் ஏறியது. அதைப் போட்டுக் குளித்துவிட்டு வந்த அத்தையை என் அம்மா முகர்ந்து பார்த்து, “அமிர்தம், நீ முதல் தர ஷீட்டு மாதிரி மணக்கிற. வெளியே போகாத, கட்டி லோரியில ஏத்திடுவாங்க” என்றார்கள். அத்தை அன்று சிரித்த சிரிப்பு பலகைச் சுவரைத் தாண்டி நாலு அறைக்குக் கேட்டது.

மூன்றாம் முறை வெயில் நாளுக்குக் காத்திருந்தார்கள். சோடா இரண்டு கரண்டி, எலுமிச்சை உப்பு ஒரு கரண்டி, சவ்வரிசி மாவு ஒரு கரண்டி. ஒவ்வொன்றையும் தனித்தனியே வெயிலில் காயவைத்து, சலித்து, காய்ந்த கையால் கலந்தார்கள். வாசத்துக்குச் செரை என்னும் எலுமிச்சைப்புல் எண்ணெய் சில சொட்டு. சொட்டு விழுந்த இடத்தை உடனே விரலால் தேய்த்துப் பரப்ப வேண்டும். பாட்டிலில் அடைத்து மூடியைச் சுற்றி மெழுகு ஊற்றினார்கள். நான் ஆர்வத்தில் கையைக் கழுவிவிட்டு உதவிக்கு ஓடினேன். “ஈரக் கை! ஈரக் கை!” என்று கத்தி என்னை விரட்டினார்கள். அதன்பின் லயத்தில் யார் அந்தப் பாட்டிலை நெருங்கினாலும் அந்தக் கூப்பாடு கேட்கும்.

ஞாயிற்றுக்கிழமைகளில் பாதியாக அறுத்த மரப்பீப்பாயை அத்தை வாசலில் வைப்பார்கள். தலைக்கும் மேலுக்கும் ஊற்றிக்கொள்ளத் தனித் தண்ணீர், பீப்பாய் கால்களுக்கு. அட்டை கடித்து, சேற்றில் ஊறிய கால்கள். நாலைந்து பெண்கள் சுற்றி உட்கார்ந்து ஒரே நேரத்தில் பாதங்களை விடுவார்கள். ஒரு கரண்டி விழும். சுர்ரென்று பொங்கும். ஐம்பது வயது அம்மாமார்கள் சின்னப் பிள்ளைகள்போல் கூச்சலிடுவார்கள். “துரைசானி ரெண்டு காலத்தான் வெச்சா. நாம பத்துக் காலு வெச்சிருக்கோம்” என்று அத்தை சொல்வார்கள்.

இப்போது என் தவறு. தோட்ட ஆபீஸ் எழுத்தரான கிராணியாரின் மகள் என் வகுப்புத் தோழி. எங்கள் லயத்தில் என்ன இருக்கிறது என்று ஒருநாள் அவள் ஏளனமாகச் சொல்லப் போக, பெருமைக்காக ஒரு சிட்டிகைத் தூளைக் காகிதத்தில் மடித்துக் கொடுத்தேன். அவள் வீட்டில் காட்டினாள். கிராணியார் நாக்கில் வைத்துப் பார்த்தார். புளித்தது. ரப்பர் பாலை உறைய வைக்க ஊற்றும் ஆசிட் ஸ்டோரில் குறைந்திருந்த வாரம் அது. ஸ்டோருக்குப் பொறுப்பு அவர். துரைக்குப் பதில் சொல்ல வேண்டியவரும் அவர். புளிப்பையும் குறைவையும் சேர்த்துப் பார்த்துவிட்டார்.

மறுநாள் விடியலில், அப்பாவோடு நானும் போயிருந்த பெரட்டில், எல்லோர் முன்னாலும் அவர் சொன்னார்: “அமிர்தம்! ஸ்டோர் ஆசிட்டத் திருடி நுரை விட்டுக் குளிக்கிறியா? இன்னிக்கே பேரு வெட்டு. அடுத்த கப்பல்ல ஏறிக்க.”

துரையும் நின்றுகொண்டிருந்தார். நானோ, தூளைக் கொடுத்தது நான்தான் என்று சொல்ல வாய் திறக்காமல் அப்பாவின் முதுகுக்குப் பின்னால் நின்றேன். இதை எழுதும்போது கை கூசுகிறது, ஆனாலும் எழுதுகிறேன்.

அத்தை கூடையை இறக்கி வைத்தார்கள். “பேரு வெட்டுறதுக்கு முன்னால ரெண்டு வாளி குடுங்க அய்யா” என்றார்கள்.

“எதுக்கு?”

“தண்ணிக்குத்தான். கப்பலுக்குப் போறவ கால் கழுவக் கூடாதா?”

துரை கையசைத்தார். வாளிகள் வந்தன. அத்தை என்னை அனுப்பித் தம் சோடா டப்பாவையும் தூள் பாட்டிலையும் எடுத்துவரச் செய்தார்கள். ஸ்டோரிலிருந்து ஒரு மங்கு ஆசிட் கேட்டார்கள். வெறும் வாளியில் சோடாவைக் கொட்டி அதன்மேல் ஆசிட்டை ஊற்றினார்கள். மூக்கைத் துளைக்கும் நெடியோடு பொங்கித் தீர்ந்தது; அடியில் கூழ் மிஞ்சியது.

“இதுதான் உங்க ஆசிட்டு. தண்ணியா இருக்கு. ஊத்தின அப்பவே பொங்கி முடிஞ்சிடுது. இதைக் காய வெச்சு மறுபடி பொங்க வெச்சுக் காட்டுங்க. காட்டினா நானே நடந்து கப்பலுக்குப் போறேன். இது என் தூளு. காதர் நானா கடை எலுமிச்சை உப்பு.” இரண்டாவது வாளித் தண்ணீரில் ஒரு கரண்டி போட்டார்கள். சுர்ரென்றது. செரை வாசம் களம் முழுக்கப் பரவியது. துரை குனிந்து காது கொடுத்து, “இது நம்ம வீட்டுக் குளியல் சத்தம்” என்று தம் தமிழில் சொன்னார்.

“அப்ப ஸ்டோர் ஆசிட்டு எங்க போச்சு?” என்று கிராணியார் விடவில்லை.

“ஸ்டோர் தரை என்ன தரை அய்யா?”

“சிமிண்டு.”

“சிமிண்டுல ஆசிட்டு பட்டாலும் நுரைக்கும். தொட்டி கழுவினவளுக்குத் தெரியும். குடுவையத் தூக்கித் தரையைப் பாருங்க.”

பிரம்புக்கூடைக்குள் இருந்த பெரிய கண்ணாடிக் குடுவையை நாலு பேர் தூக்கினார்கள். அடியில் மயிரிழை விரிசல். அதன் கீழே சிமெண்டு தரை கையகலத்துக்கு அரித்துக் குழி விழுந்திருந்தது. துரை பங்களாவுக்குப் போய்விட்டார். அத்தையின் பெயர் வெட்டப்படவில்லை.

கிராணியார் மன்னிப்புக் கேட்கவில்லை. லயத்துக்குள் இனி அந்தத் தூளைப் பொங்கவிடக் கூடாது என்று மட்டும் உத்தரவு போட்டார். “லயத்துக்குள்ளதானே?” என்று கேட்டுவிட்டு அடுத்த ஞாயிற்றுக்கிழமை அத்தை பீப்பாயை உருட்டிக்கொண்டு தோட்ட எல்லையைத் தாண்டிப் பெரிய சாலையோரம் வைத்தார்கள். ஜாசின் பஸ் போகும்போதெல்லாம் நுரைக்குள் கால் வைத்த பெண்கள் கையாட்டினார்கள். டிரைவர் ஹாரன் அடித்தார். இரண்டு மாதம் அப்படியே நடந்தது. உத்தரவு தானாக மறந்துபோயிற்று.

தூளைக் கொடுத்தது நான் என்று ஒருநாள் அழுதுகொண்டே சொன்னேன். “தெரியும்டி. பெருமைக்குத்தானே குடுத்த? பெருமைப்படு. வாயை மட்டும் அடுத்த தடவை திற” என்றார்கள். இதோ, அத்தை, திறந்திருக்கிறேன்.

இந்த மாதம் அத்தைக்குக் காய்ச்சல் கண்டது. நான்கு நாட்களில் எல்லாம் முடிந்தது.

நானும் அப்பாவும் ஆஸ்பத்திரிக்குப் போனபோது மழை பிடித்துக்கொண்டது. பகலிலேயே இருட்டிவிட்டதால் விளக்குகளைப் போட்டிருந்தார்கள். கூட்டம் கூடாது, ஆஸ்பத்திரி ஆளே உடலைக் கழுவிக் கொடுப்பான் என்று ஆபீஸிலிருந்து சொல்லியிருந்தார்களாம். லயத்துப் பெண்கள் அதைக் கேட்டுக்கொண்டே உள்ளே நுழைந்து, கழுவும் அறையின் கதவைச் சாத்திவிட்டார்கள். என்னையும் உள்ளே இழுத்துக்கொண்டார்கள். ஒவ்வொருவர் மடியிலும் ஒரு பொங்குத்தூள் பாட்டில் இருந்தது.

“செத்தவளுக்கு எண்ணெயும் சீயக்காயும்தான் முறை” என்றார் மூத்தவரான பச்சையம்மா.

“அதையும் வைங்க பெரியம்மா. முறைக்கு அது. அவளுக்கு இது” என்றார்கள் என் அம்மா.

முதலில் எண்ணெயும் சீயக்காயும் வைத்தார்கள். பிறகு தகரத்தொட்டியில் புதுத் தண்ணீர் நிரப்பி, அந்த அகலமான பாதங்களை அதில் வைத்தார்கள். ஒவ்வொருவராகத் தூள் போடக் குனிந்தார்கள். பச்சையம்மாவும் சீயக்காய்க் கையோடு பாட்டிலுக்குள் விரலை விடப் போனார்.

“ஈரக் கை! ஈரக் கை!”

உள்ளே இருந்த அத்தனை பேரும் ஒன்றாகக் கத்தினோம். கத்திவிட்டு ஒருவரையொருவர் பார்த்தோம். பச்சையம்மா முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டே முதலில் சிரித்தார். பிறகு எல்லோரும் அழுதோம்.

தண்ணீர் பொங்கியது. செரை வாசம் மருந்து நெடியை அறையை விட்டு விரட்டியது. வெளியிலிருந்து டிரெஸர் கதவைத் தட்டினார். “நேரமாச்சும்மா. ஆபீஸ்ல கேக்குறாங்க.”

“நுரை அடங்கட்டும்னு சொல்லுங்க” என்றேன் நான். என் குரல்தான் அது. டிரெஸர் மறுபடி தட்டவில்லை.

அமிர்தம் அத்தை அவர்களே, கப்பல் உங்களைக் கொண்டுபோகவில்லை. உங்கள் கதவு இந்த ஊரில்தான் இருந்தது. இரண்டு, ஒன்று, ஒன்று என்ற கணக்கு எங்கள் லயத்தில் எல்லோர் வாயிலும் இருக்கிறது. வரும் ஞாயிற்றுக்கிழமை வெயில் அடித்தால் பீப்பாய் சாலையோரத்தில் இருக்கும். போய் வாருங்கள்.

கடைசிக் குமிழும் உடைந்தபின் அம்மா பாதங்களைத் துடைத்தார்கள். நாங்கள் கதவைத் திறந்து, எங்கள் தோள்களிலேயே அவர்களைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்தோம். மழை விட்டிருந்தது. டிரெஸர் உள்ளே போய்த் தொட்டியைப் பார்த்தார். எதையும் கொட்டாமல் விளக்குகளை அணைத்தார்.