ரயிலில் சுருட்டிய கல்கல்

எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும் என்று என் வீட்டுக்காரர் ஊரெல்லாம் சொல்லி வைத்திருக்கிறார். அது பொய். கோபம் வருவதற்கு முன்பே எனக்கு வாய் வந்துவிடும், அவ்வளவுதான். போன வருஷம் சபையில் பத்து கிலோ கல்கல் செய்து தருவதாக ஒப்புக்கொண்டதும் அந்த வாய்தான்.

டிசம்பர் தொடக்கத்தில் ஒரு ஞாயிறு, ஆராதனை முடிந்து பெண்கள் ஐக்கியத்தில் உட்கார்ந்திருந்தோம். ஞாயிறு பள்ளிப் பிள்ளைகளின் கிறிஸ்மஸ் ட்ரீ விழாவுக்கு யார் என்ன செய்வது என்று பேச்சு. கேக்குக்கு ஆள் கிடைத்தது, அச்சு முறுக்குக்கும் கிடைத்தது. கல்கல் என்றதும் எல்லோரும் தரையைப் பார்த்தார்கள். அது ஒற்றை ஆளாகச் செய்கிற பலகாரம் இல்லை. மைதாவைத் தேங்காய்ப்பாலும் சர்க்கரையும் விட்டுப் பிசைய வேண்டும். கோலிக்குண்டு அளவுக்கு உருட்டி, ஒவ்வொன்றையும் சீப்புப் பல்லின் மேல் வைத்து அழுத்தி, சிப்பி போலச் சுருட்டி எடுத்து எண்ணெயில் பொரிக்க வேண்டும். வீட்டில் இருக்கிற அத்தனை பேரும் மேஜையைச் சுற்றி உட்கார்ந்தால்தான் கொஞ்சமாவது தேறும்.

கூட்டத்தை நடத்தியவர் ஒரு டீச்சர். பள்ளியிலிருந்து ஓய்வு பெற்றுப் பல வருஷமாகிறது. ஆனாலும் ஊரே அவருக்கு வகுப்பறை. என் பக்கம் பார்த்துவிட்டு, "வேலைக்குப் போற பொண்ணுங்கள இதுல இழுக்க வேணாம். அவங்கல்லாம் பேக்கரில வாங்கிக்கிறவங்க" என்றார்.

மெதுவாகத்தான் சொன்னார். எனக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. "கல்கல் நான் கொண்டாரேன் டீச்சர். பத்து கிலோ. எல்லாம் கையால செஞ்சது" என்றேன்.

வீட்டில் என் வீட்டுக்காரரிடம் சொன்னேன். "பத்து கிலோவா? இன்னா, ராபர்ட்சன்பேட்டை பஜார்ல கடை போடப் போறியா?" என்றார். அவர் பொரித்துக் கொடுப்பார், அதில் குறை சொல்ல முடியாது. சுருட்டச் சொன்னால் ஒவ்வொன்றும் ஜல்லிக்கல் மாதிரி வரும். மகன் வெளியூர் ஹாஸ்டலில் இருக்கிறான். எனக்கோ வருஷக் கடைசிக் கணக்கு, ஆபீசில் லீவு என்ற பேச்சையே எடுக்க முடியாது. விடியும்போது எங்கள் கோரமண்டல் ஸ்டேஷனில் ரயில் ஏறினால் பெங்களூர் ஆபீசுக்குப் போய்த் திரும்பி வர ராத்திரி எட்டு ஆகும். யோசித்துப் பார்த்தால், நான் கையைக் கட்டிக்கொண்டு சும்மா உட்கார்ந்திருக்கிற நேரம் ரயிலில்தான் இருந்தது.

எங்கள் பெட்டியில் எங்களுக்கென்று ஒரு மூலை உண்டு. மைசூர் மைன்ஸ் சுரங்கப் பக்கத்து அக்கா ஒருத்தர், ரயில் புறப்படுகிற மாரிக்குப்பத்திலேயே ஏறி எங்களுக்கும் இடம் பிடித்துவிடுவார். அவருக்குப் பெங்களூரில் புடவைக் கடையில் வேலை. இன்னொரு பெண் சின்னவள், ஒரு கம்பெனியில் ரிசப்ஷனில் உட்காருகிறவள். வாயைத் திறந்தால் தமிழ் பாதி, கன்னடம் பாதி. இரண்டு பேருமே கிறிஸ்தவர்கள் இல்லை. விஷயத்தைச் சொன்னதும் புடவைக் கடை அக்கா கேட்ட முதல் கேள்வி, "முட்ட போடுவியா? வீட்ல அவரு மாலை போட்டுகினு கீறாரு."

"உங்களுக்காகப் போடலக்கா."

"அப்போ கொண்டா. நானும் சுருட்றேன்."

மறுநாள் மாவைப் பிசைந்து எடுத்துப் போய் ஆபீஸ் பிரிட்ஜில் வைத்தேன். சாயங்கால ரயிலில் மாலூர் தாண்டியதும் கூட்டம் கொஞ்சம் இளகும். பாட்டில் தண்ணீரில் கை கழுவி, மடியில் துணி விரித்து, ஆளுக்கொரு புதுச் சீப்பை வைத்துக்கொண்டு ஆரம்பித்தோம். சின்னவள் முதலில் செய்தது நத்தை மாதிரி இருந்தது. கேலி செய்து சிரித்ததில் பங்காருப்பேட்டை வந்ததே தெரியவில்லை. டப்பா நிறைந்துவிட்டது. டீச்சர் முகத்தில் அதைக் கவிழ்ப்பது போல நினைத்துக்கொண்டே வீட்டுக்கு நடந்தேன்.

வீட்டில் மூடியைத் திறந்தால் கல்கல் இல்லை. ஒரே மாவுக்கட்டி. புழுக்கத்தில் ஒன்றோடொன்று ஒட்டி, டப்பாவின் வடிவத்திலேயே பெயர்ந்து விழுந்தது. எண்ணெயைக் காய வைத்துக் காத்திருந்த என் வீட்டுக்காரர் எட்டிப் பார்த்துவிட்டு, "இத அப்படியே போட்டா ஒரே ஒரு கல்கல்தான். பத்து கிலோல" என்றார். அன்றைக்கு அவரோடு நான் பேசவில்லை. ட்ரீ விழாவுக்குப் பத்து நாள்கூட இல்லை, பேக்கரிக்குப் போய் நிற்க வேண்டியதுதான் என்று நினைத்துக்கொண்டே படுத்தேன்.

காலையில் ரயிலில் நான் உம்மென்று இருந்ததைப் பார்த்துப் புடவைக் கடை அக்கா காரணம் கேட்டார். சொன்னேன். "அட, இதுக்கா மூஞ்சிய தூக்கி வெச்சிகினு கீற?" என்றார். அன்று சாயங்காலம் ஒரு கட்டு காலி புடவைப் பெட்டிகளோடு வந்தார். தட்டையான அட்டைப்பெட்டிகள். உள்ளே துணி விரித்து, மைதாவைத் தூவி, ஒன்றை ஒன்று தொடாமல் ஒரே வரிசையாகப் பரப்பி மூடினோம். பெட்டி மேல் பெட்டி அடுக்கினால் எதுவும் ஒட்டவில்லை. பார்க்கிறவர்களுக்கு நான் தினமும் கல்யாணத்துக்கு ஜவுளி எடுத்துப் போவது போலத் தெரிந்திருக்கும்.

பெட்டிகளுக்குள் கலர் கலராக மெல்லிசுக் காகிதம் இருந்தது. அதை வீணாக்குவானேன் என்று சின்னவள் காலை நேரத்தில் வளையம் வளையமாக ஒட்டிச் சங்கிலி செய்தாள். சாமான் வைக்கும் கம்பியில் கட்டினாள், நட்சத்திரம் வேறு தொங்கவிட்டாள். எங்கள் மூலை ஒரு வீட்டு முன்னறை மாதிரி ஆகிவிட்டது. சாயங்காலம் நின்றுகொண்டு வந்த ஒரு கன்னடத்து அம்மா கொஞ்ச நேரம் எங்களை உற்றுப் பார்த்தார். பிறகு "கொடி இல்லி" என்று என் கையிலிருந்த மாவைக் கேட்டு வாங்கி, சீப்பே இல்லாமல் வளையல் விளிம்பில் அழுத்திச் சுருட்டிக் காட்டினார். அதற்கப்புறம் யார் யாரோ சுருட்டினார்கள். தினமும் வீட்டுக்குப் போனதும் என் வீட்டுக்காரர் பொரித்தெடுப்பார். டின்கள் நிரம்ப நிரம்ப எனக்குத் தலை நிமிர்ந்தது.

ட்ரீ விழாவன்று பத்து கிலோவையும் கொண்டுபோய் வைத்தேன். டீச்சருக்கென்று ஒரு பதிலும் தயாராக வைத்திருந்தேன். 'இது எந்த பேக்கரின்னு சொல்லுங்க டீச்சர்' என்று கேட்க வேண்டும். ஒரு வாரம் மனசுக்குள் சொல்லிப் பார்த்த வாக்கியம் அது.

டீச்சர் வந்தார். ஒரு கைப்பிடி கல்கல்லை அள்ளி உள்ளங்கையில் பரப்பினார். உடனே சாப்பிடவில்லை. ஒவ்வொன்றாகத் திருப்பிப் பார்த்தார். நெருக்கமான வரி, அகலமான வரி, வரியே இல்லாமல் வழுவழுவென்று ஒன்று, நத்தை ஒன்று.

"இது ஒரு ஆள் செஞ்சது இல்ல. இத்தனை கை உனக்கு எங்கமா கெடச்சுது?" என்றார்.

நான் வாயைத் திறப்பதற்குள் அவரே சொன்னார். "எங்க வீட்டு மேஜைல ஏழு பேர் உக்காருவோம். அவரு போயிட்டாரு, புள்ளைங்க ஆளுக்கொரு தேசத்துல. ஒருத்தியா உக்காந்து எத்தனைய சுருட்றது? மூணு வருஷமா நான்தாம்மா பேக்கரில வாங்கறேன்."

நான் தயார் செய்த வாக்கியத்தை அங்கேயே விட்டுவிட்டேன். எனக்கு அழுகை வந்தது. மறைக்கவும் இல்லை. "ட்ரெயின்ல செஞ்சோம் டீச்சர். வேணும்னா நீங்களும் வாங்க" என்றேன். "நான் எதுக்குமா பெங்களூருக்குப் போறேன்?" என்று சிரித்துவிட்டுப் பிள்ளைகள் பக்கம் போய்விட்டார்.

இந்த டிசம்பரில் கல்கல் செய்யச் சொல்லி யாரும் என்னைச் சீண்டவில்லை. நாங்களாகவே ஆரம்பித்தோம். இரண்டாம் நாள் சாயங்காலம் பெங்களூரில் மாவு டப்பாவோடு ரயிலுக்கு ஓடினேன், எப்போதும் போல லேட். எங்கள் மூலையில் டீச்சர் உட்கார்ந்திருந்தார். பக்கத்திலும் எதிரிலும் ஒவ்வொரு இடத்திலும் ஒரு சீப்பை வைத்து, உட்கார வந்தவர்களையெல்லாம் வகுப்பில் அதட்டுவது போல அதட்டிக்கொண்டிருந்தார். மத்தியான ரயிலில் கிளம்பி வந்தவர், ஸ்டேஷனை விட்டு வெளியே கால் வைக்கவில்லையாம்.

"பெங்களூர்ல இன்னா வேலை டீச்சர்?" என்றேன்.

"ஒரு வேலையும் இல்ல. உங்ககூட வீட்டுக்குப் போகணும்" என்றார். டப்பாவைத் திறந்து முதல் உருண்டையை அவர் கையில் வைத்தேன்.