நெற்றி இல்லாத வண்டி

அவிநாசி சாலை ஷோரூமில், அடியோடு மாற்றி வடிவமைத்த அந்தப் பெரிய சொகுசு காரைச் சுற்றி எல்லோரும் செல்ஃபி எடுத்துக்கொண்டிருந்தார்கள். என்னைப் போலக் கடுப்பாகி நின்றவர் இன்னொருவர் மட்டும்தான். வெள்ளை வேட்டி, சட்டைப் பையில் குங்குமப் பொட்டலம். பழைய மாடலின் அழகான மூக்கை எடுத்துவிட்டு, முகம் முழுக்கக் கறுப்புக் கண்ணாடியை ஒட்டியிருந்தார்கள். பார்க்கவே எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

அவர் விற்பனைப் பெண்ணைக் கூப்பிட்டார்.

“ஏனுங்க அம்மணி, இதுக்குப் பொட்டு எங்கீங்க வெக்கறது?”

“கண்ணாடி மேல எதுவும் வெக்கக் கூடாதுங்க சார். உள்ள சென்சார் இருக்குதுங்க. மறைச்சா அலாரம் அடிக்குமுங்க.”

அவர் முகம் சிவந்தது.

“பூசை போடற அன்னைக்கே கத்துமுங்களா? நெத்தியே இல்லாம ஒரு வண்டியச் செஞ்சுபோட்டு, அதுக்கு இத்தனை வெலைங்களா? இதை வரைஞ்சவன் கையில கெடைச்சான்னா தொலைச்சுப்போடுவேனுங்க!”

அத்தனை கோபத்திலும் அந்தப் பெண்ணிடம் அவர் பேசியதில் ‘ங்க’ குறையவில்லை. வரைந்தவனுக்குத்தான் மரியாதை கிடைக்கவில்லை. விருட்டென்று வெளியே போய்விட்டார்.

போன வாரம் சிங்காநல்லூர் சிக்னலில் என் ஸ்கூட்டருக்குப் பின்னால் அதே புது மாடல் வந்து நிற்பது மிரரில் தெரிந்தது. கறுப்புக் கண்ணாடியின் நட்டநடுவில் உள்ளங்கை அகலத்துக்குச் சந்தனம், அதன்மேல் குங்குமம். ஓட்டுவது அவர்தானா என்று திரும்பிப் பார்ப்பதற்குள் பச்சை விழுந்து, கார் என்னைத் தாண்டிவிட்டது.

இறக்கிவிட்ட ஜன்னல் வழியே அலாரம் விடாமல் கத்திக்கொண்டே போனது.