சரசு அக்கா வைத்த மிளகு விலைப் பொத்தான்

கெஞ்சிக் கேட்கிறேன், இதை யாரிடமும் காட்டாதீர்கள். சரசு அக்காவைத் தெரிந்தவர்கள் இரண்டு வார்த்தை எழுதலாம் என்று நம் இணையதளத்தில் போட்டிருந்தீர்கள். அக்காவோடு கடையில் இருந்த நீங்கள் மட்டும் படியுங்கள். மற்றவர்களின் அஞ்சலியோடு சேர்த்து வெளியே போட்டுவிடாதீர்கள். அம்மாவின் போனைப் போர்வைக்குள் வைத்துக்கொண்டு எழுதுகிறேன்.

எனக்குப் பதினேழு வயது. பன்னிரண்டாம் வகுப்புப் பரீட்சை முடிகிற வாரமே எனக்குக் கல்யாணம் என்று அப்பா மலையடிவாரத்தில் காரவள்ளிப் பக்கம் பேசி முடித்துவிட்டார். அதை அக்காவிடம் சொல்லத்தான் போன வாரம் செம்மேட்டில் இருக்கும் கடைக்குப் பஸ் ஏறினேன்.

"எங்க கண்ணு, கம்ப்யூட்டர் கடைக்கா?" என்றார் கண்டக்டர். "அந்தம்மா நேத்து கீழ ஆஸ்பத்திரியில தவறிப்போச்சு சாமி. உனக்குத் தெரியாதா?"

செம்மேட்டில் இறங்கிப் பார்த்தேன். ஷட்டர் பாதி இறங்கியிருந்தது. உள்ளே பிரிண்டர் மேல் அக்காவின் மூக்குக்கண்ணாடி இருந்தது. அதே பஸ்ஸில் திரும்பிவிட்டேன்.

ஒன்பதாவது படிக்கும்போது சாதிச் சான்றிதழுக்காக அந்தக் கடைக்கு முதலில் போனேன். அக்கா அப்போதுதான் மலைக்காரர்களுக்கென்று இந்த இணையதளத்தை உருவாக்கிக்கொண்டிருந்தார். பஸ் நேரம், டாக்டர் வரும் நாள், சான்றிதழ், மிளகு விலை எல்லாம் ஒரே இடத்தில். ஆனால் ஆபீஸ் பலகையில் இருப்பதுபோலத் துறை துறையாகப் பெயர் வைத்திருந்தார். சந்தை நாளில் வருகிறவர்களிடம் போனைக் கொடுத்துத் தேடச் சொல்வார். தேடும்போது தன் கைகளைப் பின்னால் கட்டிக்கொள்வார். என்னையும் கட்டச் சொல்வார். "நாம வெரலை நீட்டிக் காட்டிப்போட்டா, அவங்களுக்குத் தடம் தெரியுதா இல்லையான்னு நமக்கு எப்படிக் கண்ணு தெரியும்?"

எங்கள் மலையிலேயே எடப்புளி நாட்டுப் பக்கமிருந்து மிளகு மூட்டையோடு ஒரு அம்மா வந்திருந்தார். டாக்டர் என்றைக்கு வருவார் என்று கண்டுபிடிக்கச் சொன்னோம். அவர் நேராகப் பஸ் படத்தை அமுக்கினார். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"என்ன புள்ள இளிக்கறே? டாக்டரு காலை பஸ்ஸுலதான வாராரு? பஸ்ஸு வந்தா டாக்டரு வந்தாச்சு. இல்லீனா, நடந்தா வருவாரு?"

"அதானுங்க!" என்று அக்கா கை தட்டிவிட்டார். அன்று சாயங்காலமே துறைப் பெயர்களை எல்லாம் எடுத்துவிட்டு, "பஸ் எப்போது?", "டாக்டர் இருக்கிறாரா?" என்று ஜனங்கள் கேட்கிறபடியே வைத்தார். காலை பஸ்ஸின் பக்கத்திலும் டாக்டர் வரும் நாளைப் போட்டார். "ஒரு ஊட்டுக்கு நாலு பக்கமிருந்தும் ஆளு வரும் கண்ணு. ஒரு பக்கம் மட்டும் தடம் போட்டுப்புட்டு, வாரவங்களை மக்குன்னு சொல்லக் கூடாது."

பத்தாவதில் என்னோடு படித்த ஒருத்தியைப் பாதிப் படிப்பில் கட்டிக் கொடுத்தார்கள். அதற்குப் பிறகுதான் அக்கா 'பரீட்சை' பக்கத்துக்குள் "படிப்பு நின்றுவிடுமோ என்று பயமா?" என்று ஒரு வரி சேர்த்தார். பரீட்சை என்று சொன்னால் எந்த வீட்டிலும் போன் கொடுப்பார்கள் இல்லையா? அதை அமுக்கினால், அஞ்சலிப் பக்கத்தை விட்டு இப்போது நான் எழுதுகிறேனே, இந்தப் பெட்டி வரும்.

அதையும் என்னை வைத்துத்தான் சோதித்தார். "நாந்தான் உங்கப்பன். கதவைத் தட்டுவேன். அதுக்குள்ள வெளிய வந்திரு" என்று மேசையைத் தட்டினார். நான் மூன்று முறை பின்னால் பின்னால் என்று அமுக்குவதற்குள் எழுந்து வந்து தலைக்கு மேல் நின்றார்.

"மூணு அமுக்கு! உங்கப்பன் உள்ள வந்து, காப்பி குடிச்சு, டம்ளரையே கழுவி வெச்சிருப்பான்."

"எங்கப்பா டம்ளர் கழுவ மாட்டாருங்க."

இரண்டு பேரும் வயிறு வலிக்கச் சிரித்தோம். மறுவாரம் மேல் மூலையில் 'மிளகு விலை' என்று ஒரு பொத்தான் இருந்தது. அமுக்கினால் இந்தப் பெட்டி மறைந்து அன்றைய மிளகு விலை வந்து நிற்கும். எங்கள் மலையில் மிளகு விலை பார்க்கிற பிள்ளையை யாரும் திட்டமாட்டார்கள். ஆனால் எழுதியது போய்விடுகிறதே என்றேன். அக்கா அந்தப் பொத்தானை மறுபடியும் அமுக்கிப் பார்த்தார். பிறகு, "அமுக்கினா அந்த நிமிசமே எழுதின வரைக்கும் எங்ககிட்ட வந்து சேரட்டும். மீதியை நாங்க வந்து கேட்டுக்கறோம்" என்றார். அப்படியே செய்தும் வைத்தார்.

அன்றைக்கு விளையாட்டாக அமுக்கினேன். இந்தப் பெட்டியைத் தினமும் திறந்து பார்த்தது அக்காதான். இனி நீங்கள் பார்ப்பீர்களா?

பார்த்தால், வீட்டுக்கு வராதீர்கள். எங்கள் பள்ளிக்கூடப் பிள்ளைகள் எல்லாரும் காலை பஸ்ஸில்தான் வருவோம். டாக்டரும் அதில்தான். நான் டிரைவருக்குப் பின்னால் மூன்றாவது சீட்டில், ஜன்னல் ஓரம். மலர் என்று கூப்பிடுங்கள், திரும்பிப் பார்க்கிறேன்.

அக்காவின் போட்டோ ஒன்றுகூட என்னிடம் இல்லை. சான்றிதழுக்கு எடுத்த என் போட்டோவில், ஓரத்தில் அவர் தோள் கொஞ்சம் தெரிகிறது. அதைப் புத்தகத்துக்குள் வைத்திருக்கிறேன். அதைவிட, கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, யார் எந்த வழியில் வருகிறார்கள் என்று பொறுமையாகப் பார்த்துக்கொண்டிருந்த அந்த முகத்தைத்தான் நான்

கதவைத் தட்டுகிறார்கள். அப்பாதான். ஒரே அமுக்கு, அக்கா