முசியேயின் கட்டைவிரல்

மோட்டரைப் போட்டுவிட்டு வந்து உட்கார்ந்தால் எனக்கு ஒரு வரி தோன்றிவிடும். அந்த இரைச்சலில் என்ன இருக்கிறதோ தெரியாது. வரி தோன்றும், அதன் வாலைப் பிடித்துக்கொண்டு போவேன், போன இடத்தில் இன்னொரு வரி நிற்கும். அதற்குள் மொட்டைமாடித் தொட்டி நிரம்பி, வழிந்து, குழாய் வழியாகக் கிழக்குப் பக்கம் கொட்ட ஆரம்பித்திருக்கும். கவிதை இரண்டு வரியில் நின்றுவிடும். தண்ணீர் நிற்காது.

கிழக்குப் பக்கம்தான் சிக்கல். நாங்கள் முத்தியால்பேட்டையில் மாடியில் வாடகைக்கு இருக்கிறோம். கீழே வீட்டுக்காரர். பிரெஞ்சு ராணுவத்தில் இருந்து ஓய்வு பெற்று வந்தவர். தெருவே பிரெஞ்சு மரியாதையில் அவரை முசியே என்றுதான் கூப்பிடும். வீட்டின் கிழக்கே ஒரு லாரி நிற்கும் அளவுக்குக் காலியிடம் உண்டு. அதில் செம்மண்ணும் பொடி ஜல்லியும் கொட்டிச் சமன் செய்து, பெத்தாங்க் ஆடுவதற்கென்றே வைத்திருக்கிறார். இரும்புக் குண்டைக் கை கவிழ்த்துப் பிடித்து எறிய வேண்டும். தூரத்தில் கிடக்கும் சின்ன மரக்குண்டுக்குப் பக்கத்தில் அது போய் நிற்க வேண்டும். அவ்வளவுதான் ஆட்டம். அந்த அவ்வளவுக்காகத்தான் அவர் காலையில் எழுந்திருக்கிறார் என்று தோன்றும். என் தண்ணீர் சரியாக அந்த மண்ணில் விழும்.

அந்தப் புதன்கிழமையும் விழுந்தது. முசியே படியேறி வந்தார். கோபமாக வரவில்லை, அதுதான் பயமாக இருந்தது.

"தம்பி, ஞாயித்துக்கிழம கருவடிக்குப்பத்துக்காரங்க நம்ம எடத்துக்கு ஆட வராங்க. போன வருஷம் அவங்க எடத்துல தோத்துட்டு வந்தேன். அன்னிக்கு மேலேர்ந்து தண்ணி வழிஞ்சிச்சின்னா, பொங்கலுக்கு நீங்க வேற வீட்டுல பால் பொங்க வெக்க வேண்டியதுதான்."

"வழியாது, முசியே."

"இதத்தான பதினோரு வருஷமா சொல்றீங்க," என்றார் இறங்கிக்கொண்டே.

பதினோரு வருஷமாக அந்தப் பால்கனியில் கடல்காற்று மதியம் இரண்டு மணிக்கு வந்து என் காகிதங்களைக் கலைத்துக்கொண்டிருக்கிறது. வேறு வீட்டுக் காற்றுக்கு என் கையெழுத்துப் பழக எத்தனை நாள் ஆகுமோ.

என் மனைவி பள்ளியிலிருந்து வந்ததும் சொன்னேன். "ஞாயித்துக்கிழம நான் நோணாங்குப்பம் கல்யாணத்துக்குப் போயிடுவேன்," என்றாள். "அப்ப நீங்க இருப்பீங்க, மோட்டர் இருக்கும். நடுவுல ஆளு இல்ல. கடையில தானா நிக்கற சுவிட்ச் விக்குது, ஒண்ணு வாங்கி மாட்டிடுங்க."

"வேணாம். நானே செய்றேன்."

அவள் என்னைப் பார்த்த பார்வையில் பதினோரு வருஷத் தண்ணீரும் இருந்தது.

காரணம் உண்டு. தீக்குச்சிப் பெட்டியைவிடச் சின்னதாக ஒரு மைக்ரோகன்ட்ரோலர் போர்டு என் மேசை இழுப்பறையில் வெகுநாளாகக் கிடந்தது. நாம் எழுதுவதை அப்படியே நடத்திக்காட்டும் வஸ்து. இத்தனை வருஷம் எழுதுகிறேன், என் வரிக்கு ஒரு கொசுகூட எழுந்து பறந்ததில்லை. 'தொட்டி நிரம்பினால் மோட்டரை நிறுத்து, பிறகு மூன்று முறை கூவு' என்று எழுதினால், ஒன்று எழுந்து நின்று அதைச் செய்யும் என்றால், எந்தக் கவிஞன் விடுவான்?

தொட்டிக்குள் மிதவையைத் தொங்கவிட்டேன். மோட்டர் பக்கத்துக் கரண்டு வேலையை எலக்ட்ரீஷியன் வந்து செய்துகொடுத்தார். மீதி, புரோகிராமை எழுதிப் போர்டுக்குள் ஏற்றுவது மட்டும்.

ஏற்றுவதற்கு இருந்தது என் பழைய லேப்டாப். மகள் கல்லூரியில் சேர்ந்தபோது வாங்கியது. அவள் படித்து, வேலைக்குப் போய், கல்யாணமும் ஆகிப் போய்விட்டாள்; அது மட்டும் என்னோடு தங்கிவிட்டது. பேட்டரி செத்துப்போனது. கீல் உடைந்த மூடிக்குப் பின்னால் தடித்த பிரெஞ்சு அகராதி ஒன்றை முட்டுக்கொடுத்திருக்கிறேன். மனைவியிடம் புது லேப்டாப் உண்டு. "என்னுதுல அந்த ஒயர சொருகினீங்கன்னா, முசியேக்கு முன்னாடி நான் காலி பண்ணச் சொல்லிடுவேன்," என்று சொல்லிவிட்டாள்.

கணினியும் போர்டும் நேராகப் பேசிக்கொள்ளாது. நடுவில் யூ.எஸ்.பி. சீரியல் அடாப்டர் என்று கட்டைவிரல் அளவுக்கு ஒன்று வேண்டும். இருப்பதிலேயே மலிவானதாகப் பார்த்து வாங்கி வந்தேன். அதில் ஒரு ஊசி பேசும், ஒரு ஊசி கேட்கும். போர்டிலும் அப்படியே ஒரு வாய், ஒரு காது. நான் வாயை வாயோடும் காதைக் காதோடும் இணைத்துவிட்டேன். வியாழக்கிழமை முழுக்க இரண்டு வாய்களும் ஒன்றையொன்று பார்த்துப் பேசிக்கொண்டிருந்தன. இரண்டு காதுகளும் எதையோ எதிர்பார்த்து உட்கார்ந்திருந்தன. கவியரங்க மேடைகளில் பார்த்த காட்சிதான், ஏன் உடனே புரியவில்லை என்று தெரியவில்லை.

வெள்ளிக்கிழமை ஒயரை மாற்றினேன். அன்றைக்கு அடாப்டர் தன் நம்பரை மாற்றிக்கொண்டது. இந்தத் துளையில் சொருகினால் மூன்று, பக்கத்துத் துளையில் சொருகினால் ஐந்து. நான் மூன்றாம் நம்பர் வீட்டுக் கதவைத் தட்டிக்கொண்டிருந்தேன். அது ஐந்தில் இருந்தது.

சனிக்கிழமை கடைசிப் பூட்டு தெரிந்தது. நல்ல அடாப்டர் என்றால் ஏற்றும் நேரம் வந்ததும் தானாகவே போர்டைத் தட்டி எழுப்புமாம். மலிவானதில் அந்தக் கம்பி கிடையாது. நாமே செய்ய வேண்டும். போர்டில் மிளகு அளவுக்கு ஒரு ரீசெட் பட்டன். அதை அமுக்கியபடியே காத்திருந்து, கணினி பேசத் தொடங்கும் நொடியில் விட வேண்டும். முன்னாலேயே விட்டால் போர்டு விழித்துப் பார்த்து, யாரும் இல்லை என்று தன் பழைய வேலைக்குப் போய்விடும். பிந்திவிட்டால் கணினி பத்து முறை கூப்பிட்டுப் பார்த்து, சிவப்பு எழுத்தில் தோல்வி என்று எழுதிவிடும்.

புதுக் கணினியில் சில நொடிக் காரியம். என் கிழத்துக்கோ புரோகிராமைச் சரிபார்த்து முடிக்கவே மூன்று நிமிடம். அந்த மூன்று நிமிடமும் பட்டனில் விரலை வைத்துக்கொண்டு திரையையே பார்க்க வேண்டும். முதல் நிமிடம் பார்த்தேன். இரண்டாம் நிமிடம் ஒரு வரி தோன்றியது. திரும்பி வந்தபோது சிவப்பு எழுத்து. மறுபடி. மறுபடி. மறதிக்காரன் தன் மறதிக்கு ஒரு காவல்காரனை வைக்கப் பார்க்கிறான், காவல்காரனோ மூன்று நிமிடம் மறக்காமல் இருந்தால்தான் வேலைக்கு வருவேன் என்கிறான்.

சாயங்காலம் முசியே வந்தார், கையில் ஒரு இரும்புக் குண்டும் அதைத் துடைக்கும் துணியும். நாளைக்கு எப்படி என்று கேட்கத்தான் வந்திருக்க வேண்டும். குனிந்து கிடந்த என்னைப் பார்த்தார்.

"என்னா தம்பி, எறும்ப நசுக்கறீங்களா?"

சொன்னேன். வாய், காது, மூன்று நிமிடம், எல்லாம். என் மனைவி அடுப்படியிலிருந்து குரல் கொடுத்தாள். "பதினேழு தரம் ஆச்சு, முசியே. மூணாவது நிமிஷத்துல இவரு இங்க இருக்கறதில்ல."

"கைய வுடணும், அவ்ளோதான?" என்றார் முசியே. குண்டைத் தரையில் வைத்தார். நாற்காலியை இழுத்துப் போட்டு, துணியால் விரல்களைத் துடைத்து, கட்டைவிரலைப் பட்டன்மேல் வைத்தார். "நீங்க என்னா தட்டணுமோ தட்டுங்க."

தட்டினேன். லேப்டாப் பெருமூச்சு விட்டது. ஒரு நிமிடம். இரண்டு. மனைவி கரண்டியோடு வந்து நின்றாள். எனக்கு அவர் விரலைப் பற்றி ஒரு வரி தோன்றியது, அடக்கிக்கொண்டேன். "அன், தே..." என்று பிரெஞ்சில் உதட்டுக்குள் எண்ணிக்கொண்டிருந்தவர் சட்டென்று விரலை எடுத்தார். திரையில் பச்சைக் கோடு நகர்ந்து, நகர்ந்து, கடைசிவரை போய் நின்றது. ஏறிவிட்டது.

"எப்டி முசியே? ஸ்க்ரீன நீங்க பாக்கவே இல்லியே?"

"கண்ணாடி கீழ இருக்குது, அத எங்க பாக்கறது? இதோ, இந்தத் துண்டு சாமான்ல ஒரு சின்ன லைட்டு இருக்குது பாருங்க. அது ஒருவாட்டி கண்ணடிச்சிது. வுட்டேன்."

மூன்று நாளாக அந்த விளக்கு என் மூக்குக்குக் கீழே இருந்திருக்கிறது.

ஞாயிற்றுக்கிழமை காலை மனைவி கல்யாணத்துக்குக் கிளம்பினாள். மோட்டரைப் போட்டுவிட்டு வந்து உட்கார்ந்தேன். காவலுக்குத்தான் உட்கார்ந்தேன், சத்தியமாக. வரி தோன்றியது. போனேன். நாலாவது வரியில், போர்டை உள்ளே வைத்துச் சுவரில் மாட்டியிருந்த பெட்டி 'டக்' என்றது. இரைச்சல் நின்றது. பிறகு மூன்று கூவல். எழுந்து பால்கனிக்கு ஓடி எட்டிப் பார்த்தேன். கிழக்குப் பக்கம் ஒரு சொட்டு இல்லை. செம்மண் பொரித்த அப்பளம் மாதிரி காய்ந்து கிடந்தது.

பத்து மணிக்குக் கருவடிக்குப்பத்துக்காரர்கள் வந்தார்கள். மேலிருந்து பார்த்தேன். முசியே எறிந்த முதல் குண்டு மரக்குண்டுக்குப் பக்கத்தில் அழகாக விழுந்தது. விழுந்து நிற்கவில்லை. ஓடியது. சுவர்வரை போய் இடித்துக்கொண்டு நின்றது. இரண்டாவதும் ஓடியது. மதியத்துக்குள் பதிமூன்றுக்கு நாலு என்று தோற்றார். அந்த நாலும் முசியேயின் ஜோடிக்காரர் எடுத்தது.

எல்லாரும் போன பிறகு படியில் காலடி கேட்டது. போச்சு வீடு என்று நினைத்தேன். முசியே வந்து அதே நாற்காலியில் உட்கார்ந்தார்.

"ஒரு சொட்டுகூட வழியல, முசியே," என்றேன் முந்திக்கொண்டு.

"அதான் வந்திருக்கேன். தர காஞ்சி கெடக்குது. பதினோரு வருஷமா உங்க ஈரத்துல எறிஞ்சி எறிஞ்சி என் கை அதுக்குப் பழகிப்போச்சு. இன்னிக்குதான் தெரியுது." கொஞ்ச நேரம் பெட்டியைப் பார்த்தார். "இதுல, ஞாயித்துக்கிழமயில மட்டும் ரெண்டு நிமிஷம் வழியற மாதிரி எழுத முடியுமா?"

"அதுக்குக் கிழமை தெரியாதே. வேணும்னா ஒரு பட்டன் வெக்கலாம். அமுக்கினா ரெண்டு நிமிஷம் வழியும், அப்பறம் தானா நிக்கும்."

"வெய்ங்க. என் ரூம்புக்கு ஒயர இழுத்துடுங்க."

"பொங்கலுக்கு..."

"பொங்கலுக்கு அவங்க மறுபடி வராங்க. நீங்க எங்க போறீங்க அதுக்குள்ள?" என்றவர், கட்டைவிரலைத் துணியில் துடைத்துக்கொண்டு கையை நீட்டினார். "போர்ட எடுங்க."

நான் அகராதியை நிமிர்த்தி வைத்து லேப்டாப்பைப் போட்டேன். அது எழுந்து வரட்டும் என்று இருவரும் உட்கார்ந்திருந்தோம்.