ஓலைத்தொடுவாய்ச் சின்பண்டெலர்

சாடியின் வயிற்றோடு வலது காதை ஒட்டிவைத்திருக்கிறார் கொன்ஸ்ரன்ரைன். இடது கை மேலே நிற்கிறது. யாரும் பேசக்கூடாது என்று அர்த்தம். வாசல் படலையில் ஆள் வந்து கூப்பிட்டாலும், கைத்தொலைபேசி அலறினாலும் அந்தக் கை இறங்காது. வேலிக்கு வெளியே நின்று கத்தும் கழுதைகள் மட்டும் அந்தக் கையை மதிப்பதில்லை. அதில் அவருக்குத் தீராத கோபம். உள்ளே சாறு நுரைக்கும் சத்தத்தைக் கேட்டு முடித்த பிறகுதான் நிமிர்ந்து, "கதைக்குது" என்பார். சத்தம் குறைந்திருந்தால், "மூச்சு வாங்குது." அடங்கிப்போயிருந்தால், "படுத்திட்டுது." சாடிக்கு நாடி பார்க்கிற மனிதரை நான் அங்கேதான் முதன்முதலாகக் கண்டேன்.

மன்னார்த் தீவில், ஓலைத்தொடுவாயில், ஆண்பிள்ளை என்றால் கடலுக்குப் போகிறவனாக இருப்பான். இல்லாவிட்டால் போய் ஓய்ந்தவனாக இருப்பான். கொன்ஸ்ரன்ரைன் ஓய்ந்தவர். முதுகு பிடித்துக்கொண்ட பிறகு படகை விட்டுவிட்டு, வீட்டு வளவில் பந்தல் போட்டுக் கறுத்த திராட்சை வளர்க்கிறார். அதைப் பிழிந்து வைன் செய்கிறார். விற்பதில்லை. கிறிஸ்து பிறந்த நத்தாருக்கும் திருவிழாவுக்கும் உறவுக்கும் அயலுக்கும் கொடுப்பதோடு சரி. கொடிக்கு எரு, மீன் தலையும் ஆட்டுப் புழுக்கையும். சோளகக் காற்று வீசத் தொடங்கினால் உப்பு படிந்து இலை கருகிவிடும் என்று பின்னேரங்களில் தண்ணீர்க் குழாயைப் பிடித்துக்கொண்டு இலை இலையாகக் கழுவுவார். பிள்ளைகளை முகம் கழுவாமல் படுக்க விடலாமா என்று நம்மைக் கேட்பார். கரையோரம் வரிசையாக நிற்கும் காற்றாலைகள் இவ்வளவு காற்றைத் தின்றும் தன் பந்தலுக்கு வருகிற காற்று ஏன் குறையவில்லை என்பது அவருடைய நிரந்தர முறைப்பாடு.

ஊரில் அவருக்குச் சின்பண்டெலர் என்று பெயர். அந்தப் பட்டத்தை அவரே தேடிக்கொண்டார். அவருடைய அக்கா மகன் ஜெனோஜன் அமெரிக்காவில், கலிபோர்னியாவில், வைன் செய்யும் ஒரு சிறிய குடும்பத்திடம் வேலை பார்க்கிறான். தகப்பன் கொடி வெட்டுவார், தாய் வருகிறவர்களுக்கு ஊற்றிக் கொடுப்பார், பிள்ளைகள் போத்தலில் அடைப்பார்கள். அவர்கள் வளர்க்கிற கறுத்த திராட்சைக்குத்தான் சின்பண்டெல் என்று பெயர். அந்தத் திராட்சை ஒரே நேரத்தில் பழுக்காதாம். ஒரே குலையில் வற்றிப்போனதும் இருக்கும், பச்சைக் காயும் இருக்கும். ஜெனோஜன் வீடியோவில் இதைக் காட்டிய அன்று கொன்ஸ்ரன்ரைன் முதுகு வலியையும் மறந்து துள்ளி எழுந்திருக்கிறார். அவருடைய பந்தலிலும் அதே கோலம்! கொடி யாழ்ப்பாணத்தில் வாங்கி வந்த சாதாரணக் கன்று என்பதை அவர் பொருட்படுத்தவே இல்லை.

"இனத்தைப் பழம் சொல்லும், தம்பி. இது சின்பண்டெல்தான்," என்றார் என்னிடம். "அங்க ஒரு குடும்பம், இஞ்ச ஒரு குடும்பம். நடுவில கொஞ்சம் தண்ணி கிடக்குது. அவ்வளவுதான்."

இங்கேயுள்ள குடும்பத்தில் மூன்று பேர். அவர், மனைவி றஞ்சிதம், பாலர் பள்ளியில் படிப்பிக்கிற மகள் பிறின்சி. பிறின்சிக்குப் போத்தல் கழுவுகிற வேலை. றஞ்சிதத்தின் வேலையைப் பிறகு சொல்கிறேன்.

ஒரு சஞ்சிகைக்கு இவரைப் பற்றி எழுதலாம் என்று நான் முதல் முறை போனது பங்குனியில். சாறு பிழிகிற காலம். சந்தியில் கடை வைத்திருக்கும் அபூசாலி நானாவிடம் வழி கேட்டேன். வழி சொன்னதோடு கனத்த சாமான் பை ஒன்றையும் என் மோட்டார் சைக்கிளில் கொழுவிவிட்டார். றஞ்சிதம் அக்காவின் கையில் கொடுக்கவேண்டும், அவர் கையில் மட்டும்தான் கொடுக்கவேண்டும் என்று இரண்டு தரம் சொன்னார். கொடுத்தேன். அவரும் அதை வாங்கிய வேகத்தில் அடுப்பிருந்த குசினிக்குள் மறைந்துவிட்டார். நல்ல சுறுசுறுப்பான பெண் என்று நினைத்துக்கொண்டேன்.

அன்றைக்கே எனக்கு முதல் அதிர்ச்சி காத்திருந்தது. போன வருடத்து வைனில் ஒரு கிளாஸ் ஊற்றி நீட்டினார். நீங்களும் எடுங்கோ என்றேன். நெருப்புச் சுட்டவர் மாதிரிக் கையை இழுத்தார்.

"நான் தொடுறேல்லை, தம்பி. நாக்கிலயும் வைக்கிறேல்லை."

வைன் செய்கிறவர் வைன் குடிப்பதில்லையா? எனக்கு விளங்கவில்லை. பிறகு கதையைச் சொன்னார். ஒரு காலத்தில் பெருங்குடிகாரர். ஒரு முறை சாராய வெறியில் படகிலேயே தூங்கிப்போய், கண் விழித்தபோது படகு தலைமன்னாருக்கு அப்பால் ஒரு மணல் தீடையில் தட்டி நின்றதாம். சுற்றிவரக் கடல். குடிக்கத் தண்ணீர் இல்லை, போத்தலில் சாராயம் மட்டும் இருந்தது. யாரோ கண்டு மீட்கும் வரை அந்தப் போத்தலைப் பார்த்துக்கொண்டே கிடந்திருக்கிறார். ஊர் திரும்பியதும் நேரே மடுத் தேவாலயத்துக்குப் போய் மாதாவிடம் நேர்ந்துகொண்டார், இனி ஒரு சொட்டும் தொடுவதில்லை என்று.

இதுவரைக்கும் சரி. நாட்டில் எத்தனையோ பேர் நேர்ந்திருக்கிறார்கள். ஆனால் கொன்ஸ்ரன்ரைனுக்கு அது போதவில்லை. வைன் செய்யத் தொடங்கியதும் பழத்தையும் நேர்த்தியில் சேர்த்துக்கொண்டார். வைனாக மாறப்போவது பழம்தானே என்பது அவருடைய நியாயம். சொந்தப் பந்தலில் காய்த்த ஒரு முந்திரிகையை, அங்கே திராட்சைக்கு அதுதான் பெயர், இந்த மனிதர் வாயில் போட்டதே கிடையாது. தேவாலயத்தில் பூசை வைக்கிற சுவாமிமார் எத்தனை பேர் எடுத்துச் சொல்லியும் கேட்கவில்லை. அப்படியானால் பழம் பழுத்தது எப்படித் தெரியும் என்று கேட்டேன். ஒன்றை வாயில் போட்டுப் பார்த்துவிட்டுத்தான் அமெரிக்காவில் பறிப்பார்கள் என்று ஜெனோஜனும் சொல்லியிருக்கிறானாம். "எனக்குக் கண் காணும்," என்றார் இவர். பாதிக் குலை கறுத்ததும் வௌவாலுக்கு முந்தி ஆய்ந்துவிடுவார். நான் வாயைப் பிளந்துகொண்டு நின்றேன். இந்தத் துணிச்சல் வேறு யாருக்கு வரும்?

றஞ்சிதத்தின் வேலை இங்கேதான் வருகிறது. அவர்தான் ருசி பார்க்கிறவர். கொன்ஸ்ரன்ரைன் கூப்பிட்டதும் குசினியிலிருந்து கையைத் துடைத்துக்கொண்டு வருவார். ஒரு தேக்கரண்டி எடுத்து வாயில் விட்டு, கூரையைப் பார்ப்பார். "பழ வாசம் முன்னுக்கு வருது. முடியேக்க மிளகு மாதிரி ஒரு காரம்," என்பார். அந்த வார்த்தைகளெல்லாம் ஜெனோஜன் தொலைபேசியில் பேசும்போது பொறுக்கி எடுத்தவை என்று பிறின்சி என்னிடம் மெல்லச் சொன்னாள். கொன்ஸ்ரன்ரைன் கண்ணை மூடிக் கேட்பார். பிறகு அதையே தன் நாக்கில் பட்டது போல வருகிறவர் போகிறவருக்கெல்லாம் சொல்வார். கடைசியில் ஒரு வசனம் கட்டாயம் இருக்கும். "ஒரு மணி சீனி கிடையாது, தம்பி. சீனி போட்டால் அது வைன் இல்லை, சர்பத்து."

நான் குடித்தேன். நன்றாக இருந்தது. நல்ல இனிப்பு என்று மனதில் பட்டதைச் சொன்னேன். பழத்தின் இனிப்பு அது என்றார், பெருமை தாங்காமல். போத்தல் கழுவிக்கொண்டிருந்த பிறின்சியின் கை நின்றது. இரண்டாவது கிளாசுக்கு நான் அடிபோடுகிறேன் என்று நினைத்துவிட்டாளோ என்று எனக்கு வெட்கமாகப் போய்விட்டது.

இவ்வளவு பாடும் எதற்கு? அதையும் கேட்டேன். பூசையில் வைக்கிற வைன் ஆயர் இல்லத்திலிருந்து வரும். தன் வளவு வைன் ஒரே ஒரு நாள் தேவாலயப் பீடத்தில் ஏறவேண்டும். அவருக்கு வேறு ஆசையே இல்லை. "சாராயம் பிடிச்ச கை, தம்பி. இந்தக் கையால செய்தது ஒருக்கால் அந்தப் பூசைப் பாத்திரத்துக்குள்ள போனால், மாதா என்னை மன்னிச்சிட்டா எண்டு நினைப்பன்." மூச்சுக்கு மூச்சு வேடிக்கை பேசுகிற மனிதர் இதைச் சொல்லும்போது என் முகத்தைப் பார்க்கவில்லை.

ஊர்த் தேவாலயப் பங்குக்கு வந்த சுவாமிமாரிடமெல்லாம் கேட்டிருக்கிறார். எல்லோரும் சிரித்துவிட்டுப் போனார்கள். இந்த வருடம் வந்த இளம் சுவாமி சிரிக்கவில்லை. மேலிடத்தில் அனுமதி வாங்கி, ஆடி மாதத் திருவிழாப் பூசைக்கு இவருடைய வைனையே வைக்கிறேன் என்று சொல்லிவிட்டார். திராட்சையைத் தவிர வேறு எதுவும் சேர்ந்திருக்கக்கூடாது. திருச்சபையின் விதி அது. கொன்ஸ்ரன்ரைன் எனக்குத் தொலைபேசி எடுத்து, எழுதுவதென்றால் சுவாமி வந்து போத்தலை வாங்குகிற அன்று வந்து எழுதச் சொன்னார்.

போனேன். கொன்ஸ்ரன்ரைன் வெள்ளைச் சேட்டுப் போட்டு, தலைக்கு எண்ணெய் வைத்து, கல்யாண மாப்பிள்ளை மாதிரி இருந்தார். மேசையில் வெள்ளை விரிப்பு. அதன்மேல் மூன்று போத்தல். சுவாமி கதிரையில் அமர்ந்து தேத்தண்ணீர் குடித்தார். கேட்டே ஆகவேண்டிய கேள்வி என்பதால் அதையும் கேட்டார். இதில் முந்திரிகையைத் தவிர வேறு ஒன்றும் சேரவில்லையே?

கொன்ஸ்ரன்ரைன் சிரித்தார். "றஞ்சிதத்தைக் கேளுங்கோ, சுவாமி. அவதான் என்ர நாக்கு."

றஞ்சிதம் குசினி வாசலில் நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றார். அப்போதுதான் கவனித்தேன், அன்று முழுவதும் அவர் வெளியே வரவே இல்லை.

"பூசைக்கு வேண்டாம், சுவாமி," என்றார். "அதில சீனி கிடக்குது. நான்தான் போட்டனான்."

அபூசாலி நானா கொழுவிவிட்ட பையின் கனம் அப்போதுதான் எனக்கு விளங்கியது. சுவாமியின் கை கோப்பையோடு அந்தரத்தில் நின்றது. கொன்ஸ்ரன்ரைன் முகத்தில் முந்திய சிரிப்பு இன்னும் போகாமல் இருந்தது. அதைப் பார்க்கத்தான் முடியவில்லை.

"எந்தச் சாடிக்கு?" என்று கேட்டார்.

"எல்லாத்துக்கும்."

"இந்த வருசமோ?"

"முதல் வருசத்தைத் தவிர எல்லா வருசமும்."

முதல் வருடம் றஞ்சிதம் உள்ளதைச் சொன்னாராம், வைன் புளிப்பு என்று. கொன்ஸ்ரன்ரைன் அவ்வளவையும் மணலில் ஊற்றிவிட்டு வெளியே போயிருக்கிறார். பயத்தில் பின்னாலேயே போன றஞ்சிதம் கண்டது, பிரதான வீதியில் சாராயக் கடைக்கு எதிரே மதகில் இருந்த புருசனை. கடை பூட்டும் வரை அவர் எழும்பவில்லை. வாங்கவும் இல்லை. றஞ்சிதம் ஒரு பனைக்குப் பின்னால் நின்று செபமாலை உருட்டியிருக்கிறார். மனைவி பின்னால் வந்ததே கொன்ஸ்ரன்ரைனுக்கு அந்த நிமிடம் வரை தெரியாது. அடுத்த வருடம் பழம் அதைவிடப் புளிப்பாக இருந்தது.

"புளி எண்டு சொல்ல எனக்கு வாய் வரேல்லை, சுவாமி. சொன்னால் இந்த மனுசன் திரும்பவும் போய் அந்த மதகில இருக்கும். எங்களுக்குள்ள பொய் சொல்லிப்போட்டன். பீடத்தில வைக்கப் பொய் சொல்ல ஏலாது."

கொன்ஸ்ரன்ரைன் முதுகைப் பிடித்துக்கொண்டு எழுந்தார். சுவாமி ஏதோ சொல்ல வாயெடுத்தார், அவர் கேட்கவில்லை. படியிறங்கி, மணலில் நடந்து, படலையை நோக்கிப் போனார். அதற்கு அப்பால் குறுகிய ஒழுங்கை, ஒழுங்கை முடிந்தால் பிரதான வீதி. ஓடிப்போய் மறிக்கவேண்டும் என்று எனக்குப் பட்டது. பிறின்சி எழுந்தாள். றஞ்சிதம் அவள் கையைப் பிடித்து நிறுத்திவிட்டார். கூப்பிடவும் இல்லை.

படலையில் கையை வைத்துக்கொண்டு கொன்ஸ்ரன்ரைன் நின்றார். பந்தலின் கடைசிக் கொடி அந்த இடத்தில் தாழ்ந்து கிடக்கும். இரண்டாம் போகத்துக் குலைகள், பாதி கறுப்பும் பாதி பச்சையுமாக, அவர் முகத்துக்கு நேரே தொங்கின. வெகு நேரம் அவற்றைப் பார்த்தார். பிறகு ஒரு பழத்தைப் பிடுங்கி வாயில் போட்டார்.

சுவாமி கதிரையை விட்டு எழுந்தேவிட்டார். கொன்ஸ்ரன்ரைனின் கண்கள் இறுக மூடிக்கொண்டன. தாடை கோணியது, தோள் இரண்டும் காது வரை ஏறின. துப்பப்போகிறார் என்று நினைத்தேன். துப்பவில்லை. கண்ணில் தண்ணீர் வர வர மென்று விழுங்கினார். இன்னொன்றைப் போட்டார். பிறகு குலையையே முறித்துக் கையில் எடுத்துக்கொண்டு, கறுப்பு, பச்சை என்று பாராமல் ஒவ்வொன்றாகத் தின்னத் தொடங்கினார்.

றஞ்சிதம் செருப்பில்லாமல் சுடுமணலில் இறங்கிப் போனார். கணவர் முன்னால் நின்று, சின்னப்பிள்ளைக்குப் பிடிப்பது போல, அவருடைய தாடைக்குக் கீழே உள்ளங்கையை விரித்துப் பிடித்தார். கொன்ஸ்ரன்ரைன் மெல்லுவதை நிறுத்தி மனைவியைப் பார்த்தார். பிறகு குனிந்து, வாயிலிருந்த கொட்டைகளை அந்தக் கையில் துப்பிவிட்டு, அடுத்த பழத்தைப் பிடுங்கினார்.